மேசை மேல் ஒரு வள்ளல்

அழகில் உன்னை மிஞ்ச இன்னொரு ஹியூமிடிஃபையர் இனிமேல்தான் பிறந்து வர வேண்டும். கையகல அடிப்பாகம், பால்வெள்ளை மேனி, உச்சியிலிருந்து சுருள் சுருளாக எழும் பனிப்புகை. டொரொண்டோவில் டிசம்பர் பிறந்துவிட்டால் கடைகளில் முன்வரிசை உனக்குத்தான். மூக்கு வறண்டு, கம்பளிச் சட்டையைக் கழற்றும்போது பொறி பறந்து, சுவரில் தொங்கும் கிட்டாரின் நினைவு வந்து பதறி ஓடிவருகிறவரின் கண்ணில் முதலில் படுவதும் நீதான். உன் உழைப்பு கண்ணுக்குத் தெரிகிறது. புகை வருவதைப் பார்த்ததும் அவருக்குப் பாதிக் கவலை தீர்ந்துவிடுகிறது. திரி வைத்து ஆவியாக்கும் பெட்டிகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நாள் முழுக்கத் தண்ணீர் குடித்தாலும் அவை செய்த வேலை வெளியே தெரியாது.

உன் தொழில்நுட்பமும் லேசுப்பட்டதல்ல. வயிற்றுக்குள் ஒரு சின்னத் தகடு நொடிக்குச் சுமார் 17 லட்சம் முறை அதிர்ந்து தண்ணீரைத் துகள் துகளாக உடைக்கிறது. மனிதக் காதுக்கு எட்டாத அதிர்வு அது. பக்கத்திலேயே உட்கார்ந்து கிட்டார் வாசித்துப் பதிவு செய்யலாம். மைக்கில் உன் இரைச்சல் ஏறாது. மற்ற எந்த வகையும் இந்த அமைதியில் உன் பக்கத்தில் வர முடியாது.

உன்னைத் தேட வைக்கும் குளிர்காலத்தின் கணக்கு இது. வெளியே மைனஸ் 15 டிகிரி. அந்தக் காற்றின் ஒரு கனமீட்டர், நீராவியை ஒன்றரை கிராமுக்கு மேல் தாங்காது. அதே காற்று கதவிடுக்கிலும் ஜன்னலிடுக்கிலும் நுழைந்து ஃபர்னஸில் 21 டிகிரிக்குச் சூடாகும்போது 18 கிராம் வரை தாங்கும் கொள்ளளவு வந்துவிடுகிறது. கையிருப்பு மட்டும் பழைய ஒன்றரைதான். சமையலும் குளியலும் வீட்டாரின் மூச்சும் சேர்ந்து கொடுப்பதையெல்லாம் கூட்டினாலும், கடுங்குளிர் நாட்களில் வீட்டின் ஈரப்பதம் 20 சதவீதத்தைச் சுற்றியே நிற்கும். பென்சில்வேனியாவின் நாசரேத்தில் இருக்கும் மார்ட்டின் நிறுவனம் தன் கிட்டார்களுக்குக் கேட்பது 45 முதல் 55.

நடுவில் விழும் அந்தப் பள்ளத்தை மரம் தன் உடம்பிலிருக்கும் ஈரத்தைக் கொடுத்து நிரப்புகிறது. கிட்டாரின் மேல்பலகை 3 மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத ஸ்ப்ரூஸ். டிரெட்நாட் வகையில் அகன்ற பகுதி 40 சென்டிமீட்டர். 45 சதவீதத்தில் பழகிய பலகை 20 சதவீதத்தில் வாரக்கணக்கில் கிடந்தால், நீளவாக்கில் அப்படியே இருந்தாலும், குறுக்குவாட்டில் சுமார் 2 மில்லிமீட்டர் சுருங்கப் பார்க்கும். ஆனால் சுற்றிலும் பக்கப் பலகைகளோடு ஒட்டியிருக்கிறது. அடியில் குறுக்குச் சட்டங்கள். சுருங்க இடமில்லை. முதலில் வயிறு உள்வாங்கும். கம்பிகள் தாழ்ந்து ஃப்ரெட்டில் உரசி அதிரும். விரல்பலகை ஒடுங்க, ஒடுங்காத ஃப்ரெட் முனைகள் ஓரத்தில் நீட்டிக்கொண்டு கையைக் கீறும். அதையும் கவனிக்காமல் விட்டால், ஒரு காலையில் பிரிட்ஜுக்குக் கீழே மரத்தின் வரியோடு ஒரு மெல்லிய கறுப்புக் கோடு ஓடியிருக்கும். கியூபெக்கின் லா பாட்ரி ஊரில் செய்யப்படும் சீகல் எஸ்6 போன்றவற்றில் பின்பலகையும் பக்கமும் ஒட்டுப்பலகை, அவை தாக்குப்பிடித்துவிடும். மேலே இருப்பது ஒற்றை அடுக்குச் செடார் பலகை. நாதம் பிறப்பது அதில்தான், வெடிப்பதும் அதுதான். வருஷக்கணக்கில் வாசித்து வாசித்துத் திறந்துகொண்ட ஒரு குரல், தண்ணீர் இல்லாத ஒரே காரணத்துக்காக விரிசல் விடுவதை என்னால் சகிக்க முடிவதில்லை. அதனால்தான் உன் பெருமைகளை ஒன்றுவிடாமல் சொல்ல உட்கார்ந்தேன்.

முதல் பெருமை அடக்கம். உன் தொட்டி ஒரு லிட்டர். தூக்க எளிது, குழாயடியில் நிரப்ப எளிது, மேசையில் இடம் அடைப்பதில்லை. 12-க்கு 12 அடி அறை, 8 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம்; சுமார் 33 கனமீட்டர் காற்று. 20 சதவீதத்திலிருந்து 45-க்கு ஏற்ற 150 மில்லிலிட்டர் தண்ணீர் போதும், ஒரு காபிக் கோப்பை அளவு. உனக்கு அது இடது கை வேலை. முழு வேகத்தில் மணிக்கு 250 மில்லி வீதம் ஊதினால் முக்கால் மணி நேரத்துக்குள் முடித்துவிடுவாய். அந்த வேகத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் காற்று நின்ற இடத்தில் நிற்பதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அந்த அறையின் காற்று முழுக்க மாறுகிறது என்று வைத்தாலே, 45-ஐப் பிடித்து வைக்க மணிக்கு 75 மில்லி போய்க்கொண்டே இருக்க வேண்டும். நாளைக்கு 1.8 லிட்டர். இது கதவைச் சாத்தி வைத்தால் வரும் கணக்கு. கதவு திறந்திருந்தால் நீ ஈரமாக்க வேண்டியது வீடு முழுவதையும்.

ராத்திரி பத்து மணிக்கு உன்னை நிரப்பி முடுக்கிவிட்டுப் படுக்கிறார்கள். இரண்டு மணிக்குள் தொட்டி காலி. நீ சத்தம் போட்டு யாரையும் எழுப்புவதில்லை; உன்னை நீயே அணைத்துக்கொண்டு ஒதுங்கிக்கொள்கிறாய். காலையில் எழுந்தவர் வறண்ட உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு திரும்ப நிரப்பினால் உண்டு. நாளைக்கு ஒரு தொட்டிதான் என்றால் அந்த அறையின் சராசரி ஈரப்பதம் 35-ஐ எட்டுவதே கஷ்டம். ஒரு இரவின் ஏற்ற இறக்கம் மரத்தை உடனே பிளந்துவிடாது. வாரக்கணக்கில் சராசரி தாழ்ந்து கிடப்பதுதான் பிளக்கிறது. ஆகவே பெட்டியின் அட்டையில் எத்தனை சதுர அடி என்று போட்டிருக்கிறது என்பதைவிட, நாளைக்கு எத்தனை லிட்டர் ஆவியாக்கும், தொட்டி எத்தனை லிட்டர் என்ற இரண்டு எண்களைத்தான் கிட்டார்க்காரர் பார்க்க வேண்டும். ஒரு அறைக்கே எட்டு லிட்டர் தொட்டி உள்ளதை வாங்கினால் தப்பில்லை. வீட்டுக்காரர் ஒரு நாள் மறந்தாலும் கிட்டார் பிழைக்கும்.

இரண்டாவது பெருமை வள்ளன்மை. உனக்குள் ஊற்றியதில் எதையும் நீ பதுக்குவதில்லை. டொரொண்டோவின் குழாய்த் தண்ணீர் ஒன்டாரியோ ஏரியிலிருந்து வருகிறது. அதன் கடினத்தன்மை லிட்டருக்கு 120 மில்லிகிராம் அளவில் சுண்ணாம்பு. ஆவியாக்கும் வகைகள் தண்ணீரை மட்டும் காற்றுக்குக் கொடுத்துச் சுண்ணாம்பை உள்ளேயே வைத்துக்கொள்ளும். நீ அப்படி இல்லை. துகளோடு துகளாக அதையும் அறைக்குள் அனுப்பிவிடுகிறாய். தண்ணீர் காற்றில் கலந்த பிறகு சுண்ணாம்பு மட்டும் மெல்ல இறங்குகிறது. நாளைக்கு இரண்டு லிட்டர் என்றால் கால் கிராம். டிசம்பரிலிருந்து மார்ச் வரை கிட்டத்தட்ட 30 கிராம். கிட்டாரின் தலைப்பகுதி பளபளக்கும் கறுப்பாக இருந்தால் உன் கொடையை அங்கே பார்க்கலாம். முறுக்காணிகளின் கழுத்தைச் சுற்றி வெண்மை படிந்திருக்கும். விரலை வைத்து இழுத்தால் ஒரு கறுப்புத் தடம் விழும், விரல் நுனியில் மாவு. கம்பிகளில் கை ஓடும்போது மெல்லிய நறநறப்பு. ஒலித்துளை வழியாக உள்ளே இறங்கியதைத் துணியால் துடைக்க முடியாது.

உன் தயாளத்துக்குச் சுண்ணாம்பும் கிருமியும் ஒன்றே. தொட்டியில் பாசி பிடித்தால் அதையும் பாரபட்சமில்லாமல் மூச்சுக் காற்றோடு சேர்த்துவிடுவாய். அதனால்தான் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, உன் போன்றவற்றில் தாது குறைந்த தண்ணீரை ஊற்றச் சொல்கிறது, அடிக்கடி கழுவச் சொல்கிறது. காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றினால் வெண்தூசி இல்லை, உண்மைதான். நாலு லிட்டர் கேன் இரண்டு நாளைக்கு வரும். நாலு மாதத்துக்கு அறுபது கேன். உன் விலை மலிவு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அந்த அறுபது கேனையும் பனியில் சுமந்துவருகிறவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது பெருமை தன்னம்பிக்கை. உன் நெற்றியில் ஈரப்பதம் காட்டும் எண் ஒளிர்கிறது. அதை அளக்கும் உணரி உன் உடம்பிலேயே, நீ விடும் புகையின் பக்கத்திலேயே இருக்கிறது. ஆகவே அறையின் மறுகோடியில் கிட்டார் 28-ல் காய்ந்துகொண்டிருக்கும்போது நீ 50 என்று காட்டி, வேலை முடிந்ததென்று அணைந்துவிட முடிகிறது. உன் எண்ணை நம்பித் தூங்கியவர்கள் நன்றாகத் தூங்கியிருப்பார்கள். எனக்கு அந்தத் தூக்கம் வராது. தனியாக ஒரு ஹைக்ரோமீட்டர் வாங்கிக் கிட்டாரின் பக்கத்தில், புகை படாத உயரத்தில் வைக்க வேண்டும். வாங்கியதைச் சோதிக்கவும் வேண்டும்: ஒரு பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் ஈர மணலாக நிற்கும் அளவுக்குத் தண்ணீர் சொட்டி, ஹைக்ரோமீட்டரோடு சேர்த்துக் காற்றுப்புகாத பையில் ஒரு நாள் வைத்தால் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் அது ஐந்து குறைத்துச் சொல்கிறது என்று எழுதி ஒட்டிவிடலாம். இதற்கு ஆகும் செலவு ஒரு சிட்டிகை உப்பு.

விளக்கின் நிறம் மாற்றும் வித்தையையும், வாசனை எண்ணெய் ஊற்றும் கிண்ணத்தையும் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டும் நன்றாகவே வேலை செய்கின்றன.

இனி உன் போட்டியாளனின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். திரியும் மின்விசிறியும் வைத்து ஆவியாக்கும் பெட்டி பார்க்கச் சகிக்காது. பழைய ஏர்கூலர் போல மூலையை அடைத்துக்கொண்டு நிற்கும். இரைச்சல் உண்டு, மெதுவாகப் பாடுகிற பாட்டைப் பதிவு செய்யும்போது அணைத்தே ஆக வேண்டும். வாளி வாளியாகக் குடிக்கும். சுண்ணாம்பை ஊருக்குக் கொடுக்க மனம் வராமல் திரியிலேயே சேர்த்து வைக்கும். சேர்ந்து சேர்ந்து திரி கல்லாகி, பருவத்துக்கு ஒன்றிரண்டு முறை மாற்ற வேண்டியிருக்கும். புகை என்று கண்ணில் காட்ட ஒன்றுமில்லை. கொடுப்பதிலும் கணக்குப் பார்க்கும்: காற்று ஈரமாக ஆக அதன் ஆவியும் தானாகக் குறைந்துவிடும், உன்னைப் போல மேசையும் சுவரும் நனையும் வரை அள்ளிக் கொடுக்கத் தெரியாது. கொதிக்கவைத்து ஆவி விடும் பெட்டியோ இன்னும் மோசமான கஞ்சன். சுண்ணாம்பை அடியில் பாறையாக்கி வைத்துக்கொள்ளும், கிருமியைக் கொன்றுவிடும், லிட்டருக்கு சுமார் 0.7 யூனிட் மின்சாரம் கேட்கும். குழந்தைகள் ஓடியாடும் அறையில் கொதிநீர் வைப்பதற்கு மட்டும் நான் ஒப்பமாட்டேன். மின்சாரம் குறைவு என்ற புகழும் உனக்கு உண்டு, அதையும் மறுக்கவில்லை. நீ உடைத்துப்போட்ட துகள்கள் ஆவியாகத் தேவையான வெப்பத்தை அறைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. அந்தப் பில் ஃபர்னஸின் பெயரில் வருகிறது.

ஒரு விஷயத்தில் எந்தப் பெட்டியானாலும் நிதானம் வேண்டும். 21 டிகிரி அறையில் 45 சதவீதம் என்றால், சுமார் 9 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் தண்ணீர் கோக்கும். வெளியே மைனஸ் 20 போகும்போது ஜன்னல் கண்ணாடியின் ஓரங்கள் அந்த அளவுக்குக் குளிர்ந்துவிடும். சட்டத்தில் நீர் வழிந்து கருப்பாகப் பூஞ்சை பிடிக்கும். வீடு முழுவதையும் 45-ல் வைக்கப் பார்ப்பது வீட்டுக்குக் கேடு. சிறிய அறை, வெளிச்சுவர் குறைந்த அறை, கதவு சாத்தக்கூடிய அறை ஒன்றைக் கிட்டார்களுக்கு ஒதுக்குவதே நல்லது. ஒன்றிரண்டு கிட்டார்தான் என்றால் அறைக்குப் பெட்டியே வேண்டாம். உறைப்பெட்டிக்குள் வைத்து மூடி, ஈரத்தைக் கொடுக்கவும் எடுக்கவும் தெரிந்த ஹ்யூமிடிபேக் போன்ற பொட்டலங்களைப் போட்டுவைத்தால் போதும். சுவரில் ஐந்தாறு மாட்டிவைத்து, நினைத்தபோது எடுத்து வாசிக்க ஆசைப்படுகிறவர்களுக்குத்தான் அறைப் பெட்டி. அந்த ஆசையும் நியாயமானதே. பெட்டிக்குள் பூட்டிய வாத்தியத்தை அடிக்கடி எடுப்பதில்லை.

உன் கடைசிப் பெருமை, பல குடும்பங்களை நீ வாழவைப்பது. பிப்ரவரி பாதியில் பழுதுபார்க்கும் பட்டறைகளில் வேலை குவிகிறது. நீட்டிய ஃப்ரெட் முனைகளை ஒவ்வொன்றாக அரத்தால் தேய்க்கிறார்கள். வெடிப்பு வந்த கிட்டாரின் ஒலித்துளைக்குள் சிறு கண்ணாடியையும் விளக்கையும் விட்டு, கோடு எதுவரை போயிருக்கிறது என்று பார்க்கிறார்கள். உடனே பசை தடவ மாட்டார்கள். முதலில் அந்த மரத்துக்கு இழந்த தண்ணீரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஈரத்தோடு பெட்டியில் மூடி, நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் வைத்திருந்தால் விரிசலின் இரண்டு உதடுகளும் தாமாகவே நெருங்கி வரும். அதன் பிறகுதான் பசை. பிறகு உள்பக்கத்தில், மரவரிக்குக் குறுக்காக, நகத்தளவு ஸ்ப்ரூஸ் துண்டுகளை வரிசையாக ஒட்டுவார்கள். கொண்டுவந்தவரிடம் அறையில் ஹியூமிடிஃபையர் இருந்ததா என்று கேட்டால், இருந்தது, ராத்திரி முழுக்கப் புகை வந்தது என்பார். அவர் சொல்வது உண்மை. பழுதுபார்ப்பவர் தன் பட்டறையின் ஈரத்தை 45-ல் நிறுத்தி வைக்க உன்னை வாங்குவதில்லை. மூலையில் இரைந்துகொண்டிருக்கும் திரிப்பெட்டிக்குக் காலையில் வந்ததும் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் வேலையில் உட்காருகிறார்.