ஐந்து டாலர் ஜமீன்தார்

சென்னை மாகாணத்தில் 1948-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று ஜமீன்களை ஒழித்து நிலங்களை ரயத்துவாரி முறைக்கு மாற்றிற்று என்பது சரித்திரம் படித்தவர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம். நிலமும் கிஸ்தியும் கைவிட்டுப் போயினவே ஒழிய, நம் உத்தரவுக்காக யாராவது ஒருவன் காத்திருக்க வேண்டும் என்கிற ஆசை போகவில்லை. அது அறுபது வருஷ காலம் இருக்க இடமின்றி அலைந்து திரிந்து, 2010-ஆம் வருஷம் இஸ்ரேல் தேசத்து டெல் அவீவ் நகரில் சிலர் கூடி, உலகத்தின் எந்த மூலையில் இருப்பவனும் வேறெந்த மூலையில் இருப்பவனுக்கும் ஐந்து டாலருக்கு ஒரு வேலை செய்து கொடுக்கலாம் என்ற ஏற்பாட்டுடன் 'ஃபைவர்' என்னும் இணையச் சந்தையைத் திறந்தபோது, முதல் ஆளாக உள்ளே நுழைந்து திண்ணையில் அமர்ந்துகொண்டது. பிற்பாடு அந்தச் சந்தையில் விலைவாசி ஏறி, நூறும் ஆயிரமும் கேட்கிற வித்வான்கள் தோன்றிவிட்டார்கள். ஆனால் ஜமீன்தாரின் ஞாபகசக்தி மட்டும் ஐந்து என்கிற எண்ணைத் தாண்டி வர மறுக்கிறது.

இந்த ஜாதி ஜமீன்தார்கள் மெல்போர்னிலும் இருக்கிறார்கள், துபாயிலும் இருக்கிறார்கள், மயிலாப்பூர் மாடவீதியிலும் இருக்கிறார்கள். எனக்கு நெருங்கிய பழக்கம் உள்ளவர் காங்கேயத்துக்காரர். மரச்செக்கில் தேங்காயும் கடலையும் எள்ளும் ஆட்டி, பாட்டிலில் அடைத்து விற்கிறார். அவரைக் கஞ்சர் என்று யாராவது சொன்னால் அது பெரிய அபவாதம். ஊர்க் கோவில் கும்பாபிஷேகத்துக்கு லட்ச ரூபாயை இரண்டாம் பேச்சில்லாமல் எழுதிக் கொடுத்தவர், வீட்டுக்கு வந்தவர்களை இலை போடாமல் அனுப்பி அறியாதவர். அப்பேர்ப்பட்ட மனிதர், பாட்டிலில் ஒட்டுவதற்கு ஒரு சின்னம் வேண்டும் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த கணத்தில் வேறொரு பிரகிருதியாக மாறிப் போனார்.

சின்னம் வரைய ஆள் தேடி அவர் போட்ட விளம்பரத்தை வாசிப்பதே ஒரு ரசானுபவம். காங்கேயம் காளை ஒன்று செக்கைச் சுற்றி வர வேண்டும். பக்கத்தில் தென்னை மரம் வேண்டும். குலதெய்வத்தின் வேல் வேண்டும். ஸ்தாபகரான காலஞ்சென்ற தகப்பனாரின் முகம் வேண்டும். இவ்வளவும் ரூபாய் நாணயத்தின் அளவுக்குள் அடங்கி, பார்ப்பதற்கு மிகவும் எளிமையாக இருக்க வேண்டும். கடைசி வாக்கியம்தான் முத்தாய்ப்பு: "நிபுணருக்கு இது பத்து நிமிஷ வேலை. இதைக் குறைந்த விலைக்குச் செய்து கொடுப்பவருக்குப் பிற்காலத்தில் ஏராளமான வேலை உண்டு." அந்தப் பிற்காலத்தை நேரில் தரிசித்த பாக்கியசாலி எவனும் இதுவரை திரும்பி வந்து சாட்சி சொல்லவில்லை. இருக்கட்டும், அந்தப் பத்து நிமிஷத்தை அவர் எந்தக் கடிகாரத்தைப் பார்த்து நிர்ணயித்தார் என்பதுதான் எனக்கு விளங்காத மர்மம். மில் எண்ணெயைவிட உங்கள் எண்ணெய் ஏன் இத்தனை விலை என்று அவரைக் கேட்டுப் பாருங்கள். "அவசரப்பட்டு ஆட்டுனா சூடேறிப் போகுமுங்க. மெதுவாத்தான் ஆடோணும். அந்த நேரத்துக்குத்தானுங்க காசு" என்று, கேட்டவர் தலை குனியும்படி ஒரு பிரசங்கமே செய்வார்.

படித்தவர் ஆகையால் பேரம் பேசும்போது சரித்திர ஆதாரமும் காட்டுவார். நைக்கி கம்பெனியின் சின்னத்தை 1971-ல் கரோலின் டேவிட்சன் என்கிற கல்லூரி மாணவி வரைந்து கொடுத்து, கூலியாக வாங்கியது 35 டாலர்தான் என்பது அவருக்கு மனப்பாடம். "உலகம் பூரா ஓடற செருப்புக்கே முப்பத்தஞ்சு டாலருன்னா, காங்கேயம் எண்ணெய்க்கு அஞ்சு டாலரு ஜாஸ்தியில்லீங்களா?" என்பது அவருடைய தர்க்கம். அன்றைய 35 டாலர் இன்றைக்கு இருநூறு டாலருக்கு மேல் பெறும் என்றும், 1983-ல் அந்தக் கம்பெனியார் அதே பெண்ணை அழைத்து மோதிரமும் பங்குகளும் கொடுத்துக் கௌரவித்தார்கள் என்றும் நான் ஒருநாள் எடுத்துச் சொன்னேன். சற்றே யோசித்துவிட்டு, "அது அவங்க சந்தோஷத்துக்குக் குடுத்ததுங்க, கணக்குல வராது" என்று தீர்ப்பளித்துவிட்டார்.

ஃபைவருக்குப் போவதற்கு முன் உள்ளூரிலேயே ஒரு வாலிபனைப் பிடித்திருந்தார். பிள்ளையாண்டான் எண்ணூறு ரூபாய்க்கு ஒப்புக்கொண்டு, மூன்று மாதிரி வரைந்து வாட்ஸப்பில் அனுப்பினான். ஜமீன்தார் மூன்றையும் உறவினர் குழுவில் போட, மைத்துனர் ஒன்றையும், சம்பந்தி வேறொன்றையும் தேர்ந்தெடுக்க, ஒன்றுவிட்ட பெரியம்மா மூன்றுமே வேண்டாமென்று சொல்ல, வேலை அங்கேயே நின்றது. பணம் கொடுக்கும் நாள் வந்தபோது, தொழில்முறைக் கட்டணம் என்ற வகையில் வரி பிடித்தாக வேண்டும் என்று எண்பது ரூபாயைக் கழித்து எழுநூற்று இருபதை ஜிபேயில் அனுப்பினார். அந்த வரியை வருஷத்துக்கு 30,000 ரூபாய் வரையில் பிடிக்க வேண்டிய அவசியம் முன்பே இல்லை என்பதும், 2025 ஏப்ரல் முதல் அந்த வரம்பு 50,000 ஆகிவிட்டது என்பதும் அவருடைய ஆடிட்டருக்குத் தெரியும். ஆனால் ஆடிட்டரை அவர் கேட்கவில்லை. கழித்த எண்பது ரூபாய் சர்க்காரைப் போய்ச் சேர்ந்ததா என்பதைச் சர்க்கார்தான் சொல்ல வேண்டும்.

இதற்குப் பிறகுதான் அவர் தேசம் விட்டுத் தேசம் பார்க்கத் தொடங்கி, டாக்கா நகரத்து இளைஞன் ஒருவனைக் கண்டெடுத்தார். ஐந்து டாலருக்கு இவ்வளவு பொறுமையை ஒரு மனிதனால் விற்க முடியுமா என்று நானே வியந்திருக்கிறேன். முதலில் அவன் அனுப்பிய காளை நல்ல சிவப்பாகவும், கொம்பு இரண்டும் ஆகாயத்தைக் குத்துவதாகவும் இருந்தது. ஜமீன்தாருக்கு ஆவேசம் வந்துவிட்டது. காங்கேயம் கன்று பிறக்கும்போதுதான் சிவப்பு, ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும், வளர்ந்த காளைக்குத் திமிலும் முன்னங்காலும் கருமை ஓடியிருக்கும், கொம்பு பின்னால் வளைந்து பிறைகள் இரண்டு எதிரெதிராக நிற்கிறாற்போல் சேர வரும் என்று, கால்நடைக் கல்லூரியில் ஒரு பருவத்துக்குப் போதுமான பாடத்தை இரவு முழுவதும் விரலால் தட்டி அனுப்பினார். மறுநாள் பையன் திருத்தி அனுப்பிய காளையைப் பார்த்து நான் அசந்துவிட்டேன். காங்கேயம் சந்தையில் நிறுத்தினால் விலை பேச ஆள் வந்துவிடும். ஆனால் ஜமீன்தாரின் மனைவியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ஏனுங்க, இந்த மாடு நம்மளப் பாத்துச் சிரிக்கறாப்பல இருக்குதுங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல, காளையின் முகத்தில் காம்பீர்யம் கொண்டுவரும் முயற்சியில் மேலும் ஒரு வாரம் கழிந்தது.

சந்தையின் விதிப்படி, ஒப்படைத்த வேலையைப் பற்றி வாங்கியவர் மூன்று நாள் வாய் திறக்காமல் இருந்தால் அது ஏற்கப்பட்டதாகவே முடிந்துவிடும். நம் ஜமீன்தார் தவணை தப்பவிடுகிற ஆசாமியா? இரண்டாம் நாள் இரவு கட்டாயம் ஒரு திருத்தம் அவர் மனத்தில் உதயமாகும். தென்னை ஓலை ஒன்று அதிகம் என்பார். அடுத்த தடவை, ஒன்று குறைகிறது என்பார்.

எல்லாம் முடிந்து, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கோப்பை அனுப்பச் சொல்லி உத்தரவு போயிற்று. கடிகாரத்தைப் பார்த்துச் சரியாக ஒன்பதுக்கு அனுப்பினான் அந்த இளைஞன். அவனுடைய ஒன்பது டாக்காவின் ஒன்பது, நமக்கு எட்டரை. திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை ராகுகாலம் என்பதை அரை மணி நேரம் முன்னால் ஓடும் அந்த ஊர்க் கடிகாரம் எப்படி அறியும்? ஜமீன்தார் கோப்பைத் திறக்கவே இல்லை. மறுபடியும் அனுப்பச் சொன்னார், ஒன்பதே காலுக்கு. காரணத்தை இயந்திர மொழிபெயர்ப்பு அந்தப் பையனுக்கு என்னவென்று சொல்லிற்றோ தெரியாது. "சரிங்க சார்" என்ற பொருளில் ஒரு பதில் வந்தது, கோப்பும் வந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாவிட்டால் எனக்கு மனம் ஆறாது. படம் வரையும் மென்பொருள்களில் தமிழ் எழுத்தைப் போட்டால், அதற்குரிய அமைப்பை மாற்றி வைத்தாலொழிய, எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு பின்னால் போய் நின்றுகொள்ளும். 'எண்ணெய்' என்ற சொல் கை வேறு கால் வேறாகக் கிடக்கும். தமிழ் தெரிந்த அச்சகங்களே இதில் சறுக்கி விழுந்ததை எத்தனையோ பலகைகளில் பார்க்கலாம். தமிழில் ஓர் எழுத்தும் அறியாத டாக்கா இளைஞன் அனுப்பிய கோப்பிலோ கொம்பு அதன் இடத்தில் ஒழுங்காக நின்றது. வங்காள லிபியிலும் அத்தகைய கொம்பு ஒன்று எழுத்துக்கு முன்னால் வருவது உண்டு. சொந்த பாஷையில் பட்ட பாட்டினால் அவனுக்கு அந்த வியாதியும் தெரிந்திருக்கிறது, வைத்தியமும் தெரிந்திருக்கிறது. கேட்காமலே சரிசெய்து அனுப்பியிருந்தான். ஜமீன்தாருக்கு இதை நான் விளக்கினேன். "எழுத்து எழுத்தாட்டத்தானுங்க இருக்குது, இதுல என்ன அதிசயம்?" என்றார். சரியாக நடந்துவிட்ட காரியத்தைப் பார்க்கும் கண் அவருக்குப் படைக்கப்படவில்லை.

பணம் எப்படிப் போயிற்று என்பதையும் பார்த்துவிடலாம். ஐந்து டாலரில் நூற்றுக்கு 20 வீதம் சந்தைக்காரர் தம் பங்கை எடுத்துக்கொள்ள, இளைஞனுக்கு எஞ்சியது நாலு டாலர். அதுவும் கணக்கில் பதினான்கு நாள் படுத்திருந்து பிறகுதான் அவன் கைக்கு எழுந்து வரும். ஜமீன்தாரோ ஐந்துக்கு மேலே சேவைக் கட்டணம் என்று ஒரு தொகையும், சின்ன ஆர்டர் என்பதற்காக இன்னொரு தொகையும், ரூபாயை டாலராக்கியதற்காகக் கார்டு கொடுத்த பாங்கிக்கு வேறொரு தொகையும், அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் முணுமுணுக்காமல் கட்டினார். சந்தைக்காரரிடம் பேரமில்லை, பாங்கியிடம் பேரமில்லை. வரைந்தவனிடம் மட்டும் நாலரைக்கு முடியாதா என்று நாலு நாள் மன்றாடியிருக்கிறார். முகம் தெரியாத ஸ்தாபனம் கேட்டால் அது விதி. முகம் தெரியாத மனிதன் கேட்டால் அது பேராசை.

இதே ஜமீன்தார், செக்குக்குப் பெயர்ப்பலகை எழுத ஒரு காலத்தில் கடைவீதிப் பெயிண்டர் ஏணியில் ஏறி நின்றபோது, வெயில் தாழட்டும் என்று அவரைக் கீழே இறக்கி, பக்கத்தில் உட்கார்த்திச் சோறு போட்டு, சாயங்காலம் கூலிக்கு மேல் பஸ் சத்தமும் கொடுத்து, தீபாவளிக்கு வேஷ்டியும் அனுப்பினவர். வேர்வையைக் கண்ணால் கண்டால் அவருக்கு மனம் தாங்காது. டாக்காவில் வேர்க்கிற வேர்வை திரையில் தெரிவதில்லை. வேலையைக் கம்ப்யூட்டரே செய்துவிடுகிறது, பையன் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்பது அவருடைய திடமான நம்பிக்கை.

ஆயினும் முடிவில் நட்சத்திரம் வழங்கும் அதிகாரம் ஒன்று இருக்கிறதே, அதைக் கையில் எடுத்தபோதுதான் அவர் முகத்தில் பழைய ஜமீன் களை பூரணமாக வந்து குடிகொண்டது. ஐந்துக்கு ஒன்று குறைந்தாலும் அடுத்த வேலை கிடைப்பது சிரமம் என்று அந்த இளைஞன் பணிவாகத் தெரிவித்திருந்தான். ஜமீன்தார் நெடுநேரம் தியானத்தில் ஆழ்ந்து, பூரணத்துவம் பகவானுக்கே உரியது என்ற சித்தாந்தத்தின்படி நாலு நட்சத்திரம் இட்டு, "நல்ல பையன், இன்னும் முன்னுக்கு வருவான்" என்று எழுதினார்.

அவருக்கு ஒரே குமாரன், கோயமுத்தூரில் எஞ்சினியரிங் படித்தவன். இணையக் கூலிவேலைக்கு ஆள் கொடுக்கும் தேசங்களில் இந்தியா 24 சதவீதத்துடன் முதலாவது என்றும் பங்களாதேஷ் 16 சதவீதத்துடன் இரண்டாவது என்றும் ஆக்ஸ்போர்டு இணைய ஆய்வு நிறுவனத்தார் 2017-ல் கணக்கிட்டுச் சொன்னார்கள். அந்த இருபத்துநாலில் ஓர் இம்மி தம் வீட்டு மாடியிலேயே குடியிருப்பது ஜமீன்தாருக்கு நெடுநாள் தெரியாது. ஒருநாள் விடியற்காலை நாலரை மணிக்கு மாடியில் விளக்கு எரிவதைக் கண்டு ஏறிப் போனார். நானும் அன்று விருந்தாளியாகத் தங்கியிருந்தபடியால் பின்னால் போனேன்.

"ஏங் கண்ணு, இந்நேரத்துக்கு என்ன பண்ணீட்டிருக்கறே?"

"மெல்போர்ன்ல கடை தொறக்கற நேரமுங்கப்பா. ஃபைவராட்டம் அப்வொர்க்குன்னு ஒண்ணுல ஒருத்தருக்கு வெப்சைட் வேலை."

"எவ்வளவு குடுக்கறான்?"

"மணிக்கு அஞ்சு டாலருங்கப்பா."

"மணிக்கு அஞ்சு டாலரா! எஞ்சினியர் படிச்ச பையனுக்கு அஞ்சு டாலரா! என்னன்னு நெனச்சுட்டான் வெள்ளைக்காரன்?" ஜமீன்தாரின் குரல் கட்டுத்தறியில் இருந்த மாடுகளையெல்லாம் எழுப்பிவிட்டது.

"அதுகூடப் பரவால்லீங்கப்பா. பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா எங் ஸ்கிரீனப் படம் புடிச்சு அவருக்குக் காட்டும். சும்மா இருந்தாத் தெரிஞ்சு போயிரும்."

நான் அன்று கேட்டது ஒரு பிரசங்கம். உழைப்பவனின் மானம், கூலியின் தர்மம், ஒருவன் அறைக்குள் எட்டிப் பார்ப்பதன் பாவம், சங்ககிரியில் தூக்குமேடை ஏறினாலும் அன்னியனுக்குத் தலை வணங்காத தீரன் சின்னமலை பிறந்தது இந்த மண்ணில்தான் என்கிற உண்மை, யாவும் அதில் அடங்கியிருந்தன. பையன் தலையைக் குனிந்தபடி வேலையைத் தொடர்ந்தான். பத்து நிமிஷம் ஆகப் போகிறதல்லவா? பேசிக் களைத்து நாற்காலியில் உட்கார்ந்த ஜமீன்தார் சிறிது நேரம் அந்தத் திரையையே உற்று நோக்கினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"கண்ணு, இந்தப் படம் புடிக்கற ஏற்பாட்ட நம்ம டாக்காப் பையனுக்கும் வெக்க முடியுமா?"

"வெக்கலாமுங்கப்பா. ஆனா அதுக்கு மணிக்கணக்குல காசு குடுக்கோணும்."

"அப்படீன்னா வேண்டாம், உடு" என்று எழுந்து, பால் கறக்க ஆள் வந்துவிட்டானா என்று பார்க்கக் கீழே இறங்கிப் போனார் ஜமீன்தார்.