நடுவரின் முதுகுக்குப் பின்னால்: இரட்டையர் ரெஸ்லிங்கில் நல்லவர் கெட்டவர் குறித்துக் காப்பாரிலிருந்து ஓர் ஆய்வு

இக்கட்டுரையை எழுத எனக்குள்ள தகுதியை முதலில் நிறுவிவிடுகிறேன். காப்பாரில் ஒரு தோட்டத்து லயத்து வாசலில், ஐந்து பள்ளி விடுமுறைகள், இரட்டையர் ரெஸ்லிங்குக்கு நான் நடுவராக இருந்தவன். அந்த ஐந்து விடுமுறையிலும் ஒரு குற்றத்தைக்கூட நான் பார்த்ததில்லை. கண் நன்றாகத்தான் தெரிந்தது. குற்றம் நடந்த நேரத்திலெல்லாம் என் முகம் வேறு பக்கம் இருந்தது. அதை வேறு பக்கம் திருப்பியது யார் என்பதே ஆய்வுச் சிக்கல்.

ஆய்வுக் களம், கிள்ளானிலிருந்து கோல சிலாங்கூர் போகும் ஐந்தாம் எண் சாலையில் உள்ளது. வெளியூர்க்காரர்களுக்குக் காப்பார் என்றால் மின்நிலையம். எங்களுக்கு அது அத்தை வீட்டுப் பஞ்சு மெத்தையும், அதைச் சுற்றிக் கட்டிய துணி காயப்போடும் கயிறும். வாடகை வீடியோ கேசட்டில் இரவு பார்த்ததை மறுநாள் காலை மெத்தையில் சரிபார்ப்போம். நல்லவனாக வர எட்டுப் பேர் கை தூக்குவார்கள். கெட்டவனாக வர ஒருவனும் இருக்கமாட்டான். கடைசியில் ஒரு பாக்கெட் மாமி நொறுக்கு நூடுல்ஸ் கூலி பேசி ஆள் பிடிப்போம். நல்லவனுக்குக் கூலி கிடையாது, கெட்டவனுக்கு உண்டு. தொழிலின் பொருளாதாரம் எனக்குப் பிடிபட்டது அப்போதுதான்.

விதிகளைச் சொல்லிவிடுகிறேன். அணிக்கு இருவர். ஒருவர் உள்ளே, ஒருவர் கயிற்றுக்கு வெளியே. உள்ளே இருப்பவர் வெளியே இருப்பவரின் கையைத் தொட்டால்தான் ஆள் மாறலாம். அதையும் நடுவர் பார்த்திருக்க வேண்டும். கெட்டவர்கள் செய்வது எளிது. நல்லவர்களில் இளைத்தவரைத் தங்கள் மூலைக்கு இழுத்துப் போட்டு உதைப்பார்கள். அவர் தவழ்ந்து தவழ்ந்து கூட்டாளியின் விரல்நுனிவரை வருவார். காலைப் பிடித்து இழுத்துவிடுவார்கள். 1980களில் அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் எக்ஸ்பிரஸ் அணியில் இப்படி உதைபட்டே புகழ்பெற்றவர் ரிக்கி மார்ட்டன். இந்த வேலைக்கே அத்தொழிலில் அவர் பெயரை வைத்துவிட்டார்கள். அடிக்கிறவன் பெயர் நிலைக்கும் என்று நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்க.

இனி நமது கண்டுபிடிப்பு. வெளியே நிற்கும் நல்லவருக்கு இது பொறுக்காது. கயிற்றைத் தாண்டி உள்ளே பாய்வார். ஆள் மாறாமல் உள்ளே வருவது விதிமீறல் என்பதால் நடுவர் ஓடிப்போய் அவர் நெஞ்சில் கை வைத்துத் தடுப்பார். நல்லவர் திமிறுவார், கத்துவார், நியாயம் கேட்பார். அவர் நியாயம் கேட்டு முடிக்கும்வரை நடுவரின் முதுகு மெத்தையைப் பார்த்திருக்கும். அந்த முதுகுக்குப் பின்னால் இரண்டு கெட்டவர்களும் ஒருசேர உள்ளே நின்று வேண்டியதைச் செய்துகொள்வார்கள். ஆகவே, கெட்டவர்களுக்கு அந்த அரை நிமிடத்தை வாங்கிக் கொடுப்பவர் நல்லவர். அவருடைய தர்மாவேசம் இல்லாவிட்டால் அவர்கள் பிழைப்பே நடக்காது.

இந்தக் கருதுகோளைப் புராணத்தில் சோதித்தேன். மதுரா நகரில் கம்சன் நடத்திய மல்போரில் கண்ணனும் பலராமனும் ஓர் அணி, சாணூரனும் முஷ்டிகனும் எதிரணி. போட்டி நடத்துபவரே கெட்டவர்களின் ஆள். ஆனால் நால்வரும் ஒரே சமயத்தில் களத்தில் இருந்தார்கள். கயிறு இல்லை, வெளியே நின்று கத்த ஒரு நல்லவர் இல்லை. கெட்டவர்கள் செத்தார்கள். கருதுகோள் நிற்கிறது.

வாலி சுக்ரீவன் விவகாரம் சற்றுச் சிக்கலானது. முதல் சுற்றில் இராமன் வெளியே நின்றார். எவன் வாலி, எவன் சுக்ரீவன் என்று தெரியாமல் நின்றார். சுக்ரீவன் செம்மையாக வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தான். இரண்டாம் சுற்றுக்குப் பூங்கொடியை மாலையாகக் கட்டி அனுப்பினார்கள். ரெஸ்லிங்காரர்கள் முகமூடியும் பளபளக்கும் காற்சட்டையும் அணிவதன் மூல காரணம் இதுவே என்பது என் துணிபு. இராமனும் கயிற்றுக்கு வெளியே நின்ற நல்லவர்தான், ஆனால் கத்தவில்லை. வேலை முடிந்தது. அதில் நல்லவர் யார் என்ற பட்டிமன்றம் மட்டும் இன்றுவரை முடியவில்லை.

இராமனையும் சுக்ரீவனையும் ஓர் அணியாகச் சேர்த்துவைத்தவர் அனுமன். 1987இல் தொலைக்காட்சி ராமாயணத்தில் அனுமனாக வந்தவர் தாரா சிங். 1940களின் இறுதியில் சிங்கப்பூருக்கு வந்து, இந்த மலாயாப் பக்கத்தில் மல்யுத்தம் செய்து பெயர் எடுத்த அதே தாரா சிங். அவர் மோதிய பெரும் எதிரி, ஹங்கேரியில் பிறந்த எமில் சாயா என்னும் கிங் காங், 1970இல் சிங்கப்பூரில் காலமானார். தோட்டத்துப் பெரியவர்கள் இவ்விருவரைப் பற்றிப் பேசினால் தாரா சிங்குக்கு இரண்டு வாக்கியம், கிங் காங்குக்கு ஒரு மணி நேரம்.

சங்க காலத்திலும் இதே கதை. ஆமூர் மல்லனைச் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி வீழ்த்தியதைச் சாத்தந்தையார் பாடினார். ஆனால் கூட்டத்தைக் கவனித்தவர் நக்கண்ணையார். பனையில் சாய்ந்து நின்று பார்த்தவர், வெற்றி அவனுக்கே என்று ஒரு சாராரும் இல்லை என்று ஒரு சாராரும் பேசியதைப் புறநானூற்றில் பதிந்திருக்கிறார். தமிழின் முதல் ரெஸ்லிங் ரசிகை அவரே. நடுவரைப் பற்றி அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

நிகழ்காலத்துக்கு வருவோம். மலேசியா புரோ ரெஸ்லிங் அமைப்பு 2014இல் தொடங்கியது. அதில் முகமூடியோடு இறங்கிய நோர் டயானா என்னும் ‘ஃபீனிக்ஸ்’, பிறகு முகமூடியைக் கழற்றிவிட்டுத் தலைத்துணியோடு 2019இல் நான்கு ஆண்களை வென்று பட்டம் பெற்றார். கூட்டாளி இல்லை என்பதைக் கவனிக்கவும். இத்தகைய சிறு அமைப்புகளில் மேடை பூட்ட நல்லவரும் கெட்டவரும் சேர்ந்தே இரும்பு தூக்குவார்கள். பழைய வழக்கப்படி ஆட்டத்தை உள்ளேயிருந்து நடத்திச் செல்பவரும் கெட்டவர்தான். அடுத்து என்ன என்று நல்லவரின் காதில் சொல்வது அவரே. தூக்கி எறிகிறவன் எறியப்படுகிறவனின் கழுத்தைக் காப்பாற்ற வேண்டும். அது தவறினால் ஆஸ்பத்திரி.

மெத்தைக்கு வெளியேயும் இது செல்லுமா என்று ஒரு கோயில் ஆண்டுக் கூட்டத்தில் சோதித்தேன். பெயர் வேண்டாம். கணக்கு வாசிக்கும்போது ஒரு நேர்மையாளர் எழுந்து, “விடமாட்டேன்!” என்று மேடைக்குப் பாய்ந்தார். தலைவர் அரை மணி நேரம் அவரை அமைதிப்படுத்தினார். நேர்மையாளர் உட்கார்ந்தபோது கணக்கு நிறைவேறியிருந்தது.

ஐந்தாவது விடுமுறையில் மெத்தை கிழிந்து பஞ்சு வாசலெங்கும் பறந்தது. அத்தை ரோத்தான் பிரம்போடு வந்து யார் செய்தது என்றார். நல்லவர் இருவரும் கெட்டவர் இருவரும் ஒரே குரலில் என்னைக் காட்டினார்கள். “நீ என்னடா பாத்துக்கிட்டு இருந்த?” என்றார் அத்தை. உண்மையைச் சொன்னேன். ரோத்தான் அடி வாங்கியது நடுவர் மட்டும்தான்.