முனை வரை போவதா, முன்னமே திரும்புவதா?

அனுப்புநர்:
பொந்தியான் கெச்சிலில் குடியிருக்கும், உறவினர்களால் நியமிக்கப்பட்ட, சம்பளமில்லாச் சுற்றுலா வழிகாட்டி.

பெறுநர்:
மேன்மைமிகு தலைமை அதிகாரி அவர்கள், ஆசியக் கண்டக் கோடிமுனைகள் துறை, தெற்குப் பிரிவு.

பொருள்: குடும்பச் சுற்றுலாவில் கூடுதல் காசு கொடுத்துத் தஞ்சோங் பியாய்க்குப் போவது தகுமா, தகாதா என்று திட்டவட்டமான உத்தரவு கோருதல்.

பார்வை: சிதம்பரத்துப் பெரியப்பா நள்ளிரவில் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

உங்கள் துறை எந்த ஊரில், எத்தனையாவது மாடியில் இயங்குகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனாலும் இப்படி ஒரு துறை இருந்தே ஆக வேண்டும். இவ்வளவு பெரிய கண்டத்துக்கு நான்கு கோடிகள் இருக்கும்போது அவற்றைப் பார்த்துக்கொள்ள ஓர் அதிகாரியும் ஒரு ரப்பர் முத்திரையும் இல்லாமலா போய்விடும்?

தீவுகளை விட்டுவிட்டுப் பெருநிலத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், வடக்கே ரஷ்யாவின் செல்யூஸ்கின் முனை. கிழக்கே பெரிங் நீரிணையைப் பார்த்தபடி தெஷ்னியோவ் முனை. மேற்கே துருக்கியின் பாபா முனை. தெற்கே மலேசியாவில் எங்கள் பொந்தியான் மாவட்டத்துத் தஞ்சோங் பியாய், பூமத்தியரேகைக்கு வடக்கே 1 பாகை 16 கலையில். செல்யூஸ்கினுக்குப் போகலாமா என்று எந்தப் பெரியப்பாவும் இதுவரை என்னைக் கேட்டதில்லை. அங்கே போகப் பனி உடைக்கும் கப்பல் வேண்டும். எங்கள் முனைக்கு ஒரு வேன் போதும். என் கஷ்டகாலம் அந்த வேனில்தான் வந்து இறங்குகிறது.

தமிழ்நாட்டிலிருந்து வரும் குடும்பச் சுற்றுலாவின் தடம் உங்களுக்குத் தெரியாததல்ல. கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரம், பத்துமலையில் 272 படி, கெந்திங்கில் குளிர், பிறகு தெற்கே இறங்கி ஜொகூர் பாரு கண்ணாடிக் கோயில், பிள்ளைகள் அடம்பிடித்தால் லெகோலேண்ட், கடைசியில் சிங்கப்பூர். இந்த நிரலுக்கு அடியில் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய எழுத்தில் ஒரு வரி வரும்: ‘குக்குப், தஞ்சோங் பியாய்: விரும்பினால் மட்டும், கட்டணம் தனி.’ விரும்பினால் மட்டுமாம். எங்கள் குடும்பங்களில் ஒரு தோசையைக்கூட ஒருவர் தனியாக விரும்பிச் சாப்பிட்டதில்லை. பதினோரு பேரும் சேர்ந்து விரும்ப வேண்டும். இல்லையென்றால் பதினோரு பேரும் சேர்ந்து வெறுக்க வேண்டும்.

வேன்காரர் சொல்லும் வெள்ளியைப் பெரியப்பா உடனே இருபதால் பெருக்கி ரூபாயாக்குவார். அதைத் தலைக்கு வகுப்பார். மடியில் உட்காரும் குழந்தை தலைக்கணக்கில் சேருமா என்று அரை மணி நேரம் விவாதம் நடக்கும். ஜொகூர் பாருவிலிருந்து போக ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது, வர அவ்வளவு. ஆக அரை நாள் போச்சு. அந்த அரை நாளுக்குச் சிங்கப்பூர் முஸ்தபா கடையில் என்னென்ன வாங்கியிருக்கலாம் என்று பெரியம்மா மனக்கணக்குப் போடுவார். பொருளாதாரப் பேராசிரியர்கள் ஒரு பருவம் முழுக்க நடத்தும் பாடத்தை அவர் ஒரு பெருமூச்சில் முடித்துவிடுவார். இதே குடும்பம் முந்தின நாள் கெந்திங்கில் காப்பி குடித்தது. அங்கே யாருக்கும் இருபதாம் வாய்ப்பாடு நினைவுக்கு வரவில்லை. மலைமேல் மறந்துபோவதும் கடற்கரைக்கு வந்ததும் நினைவுக்கு வருவதும் எந்த விதிப்படி என்று உங்கள் துறை ஆராயலாம்.

கடைசியில் முடிவெடுப்பது கணக்கல்ல, இரண்டே வாக்கியங்கள். ‘இவ்வளவு தூரம் வந்தாச்சு, இதுக்குமேல என்ன இருக்கு?’ என்று ஒருவர் சொன்னால் வேன் நிற்கும். ‘இவ்வளவு தூரம் வந்தாச்சு, மறுபடியுமா வரப்போறோம்?’ என்று இன்னொருவர் சொன்னால் வேன் கிளம்பும். முதலாமவர் பெரும்பாலும் காசு கொடுப்பவர்.

இந்த இடத்தில்தான் அண்டை நாட்டின் சதி குறுக்கே வருகிறது. செந்தோசாவின் பாலவான் கடற்கரையில் கயிற்றுப் பாலம் ஒன்று. அதைத் தாண்டினால் குட்டித் தீவு. அங்கே ஒரு பலகை. ஆசியக் கண்டத்தின் தென்கோடி இதுதான் என்கிறது. அகலாங்கு ஓரளவு எங்களுக்குக் கீழேதான், மறுக்கவில்லை. ஆனால் செந்தோசா ஒரு தீவு. அது ஒட்டிக்கொண்டிருக்கும் சிங்கப்பூரும் தீவு. சிங்கப்பூரை எங்களோடு இணைப்பது 1924-ல் திறந்த கடற்பாலம். கடற்பாலம், அதற்கப்புறம் இன்னொரு பாலம், அதற்கப்புறம் ஒரு கயிறு: இவ்வளவையும் கட்டினால் தீவு கண்டமாகிவிடும் என்றால், 1914-ல் பாம்பன் பாலம் வந்த அன்றே ராமேஸ்வரம் தீவு என்பதை அழித்து எழுதியிருக்க வேண்டும். சரி, தீவுகளும் சேர்த்தி என்றால் இந்தோனேசியாக்காரர் சும்மா இருப்பாரா? ரோத்தே தீவுப் பக்கம் ஆசியா பூமத்தியரேகையைத் தாண்டி 11 பாகை தெற்கே போய்க்கொண்டிருக்கிறது. பெருநிலம் என்றாலும் செந்தோசா தோற்கும், தீவு என்றாலும் தோற்கும். இருந்தும் படம் எடுக்க அங்கேதான் கூட்டம். பக்கத்திலேயே ஐஸ்கிரீம் கிடைக்கிறது.

நஷ்டம் எனக்குத்தான். சிங்கப்பூரை முதலில் முடித்துவிட்டு வருகிற குடும்பம் தென்கோடியை ஏற்கெனவே கைப்பேசியில் வைத்திருக்கிறது. ‘தம்பி, தென்கோடிதான் பார்த்தாச்சே, இன்னொரு தென்கோடி எதுக்கு?’ என்று பெரியப்பா கேட்டால் நான் என்ன சொல்ல? அவர் கன்னியாகுமரிக்காரர்களை உதாரணம் காட்டுகிறார். இந்தியாவின் உண்மையான தென்கோடி கிரேட் நிகோபாரின் இந்திரா முனை. 2004 சுனாமியில் நாலு மீட்டருக்கு மேல் தாழ்ந்தும் அந்தப் பட்டம் அதனிடம்தான் இருக்கிறது. கன்னியாகுமரி அதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. பெருநிலத்தின் முனை என்று சொல்லிக்கொண்டு, சூரிய உதயத்தையும் அஸ்தமனத்தையும் காட்டி, பாசிமணி விற்றுப் பிழைத்துக்கொள்கிறது.

இதில் நாம் மட்டும் ஏமாளிகள் இல்லை என்பது ஓர் ஆறுதல். ஐரோப்பாவின் வடகோடி என்று நார்வேயின் நூர்காப்புக்கு உலகமே காசு கொட்டிப் போகிறது. பக்கத்து முனையான க்னிவ்ஷெலொடன் அதைவிட ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் வடக்கே நீண்டிருக்கிறது. இரண்டும் இருப்பது தீவில். ஆப்பிரிக்காவின் தென்கோடி அகுல்யாஸ் முனை. பேருந்துகள் போவதோ நன்னம்பிக்கை முனைக்கு. முனைகளின் வியாபாரத்தில் அளவுகோலைவிட வாகன நிறுத்துமிடம் பெரிது.

இன்னொரு செய்தி உங்கள் கோப்பில் இல்லாமலிருக்கலாம். தஞ்சோங் பியாய்க்குப் போவது தகுமா என்று கேட்காமலே நாட்டின் பெரிய மனிதர்கள் எல்லாரும் ஒருமுறை வந்து போனார்கள். 2019 நவம்பரில் இங்கே நாடாளுமன்ற இடைத்தேர்தல். அமைச்சர்கள் வந்தார்கள், கூடாரம் போட்டார்கள், சாலைக்கு ஒட்டுப் போட்டார்கள். முந்தின ஆண்டு 524 வாக்கில் வென்ற தொகுதியை அன்றைய ஆளும் கூட்டணி 15,086 வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. குடும்பச் செலவில் போன எந்தப் பெரியப்பாவுக்கும் இந்த முனை இவ்வளவு விலை வைத்ததில்லை.

இனி நுழைவுச்சீட்டு. பூங்காவில் மலேசியருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு அதைவிடக் கூடுதல் விலை. ஒரே வேனில், ஒரே மூக்கோடு வந்திறங்கிய அண்ணன் தம்பி பிள்ளைகளைச் சீட்டுக் கொடுப்பவர் இரண்டு நாடாகப் பிரிப்பார். பெரியப்பா முகம் சுருங்கும். அப்போது நான் மாமல்லபுரத்தை மெதுவாக எடுத்துவிடுவேன். அங்கே இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. பல்லவர் காலத்துச் சிற்பத்தைப் பார்க்க மலேசியத் தமிழன் பதினைந்து மடங்கு அந்நியன். பெரியப்பா அதைப் பதினைந்தால் வகுத்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் காசை எடுத்துக் கொடுத்துவிடுவார். ராஜேந்திர சோழன் 1025-ல் இந்தக் கடல் பக்கம் வந்தானே, அவனுக்கு என்ன விலை போட்டார்கள் என்று மட்டும் கேட்டு வைப்பார். மெய்க்கீர்த்தியில் கடாரம் இருக்கிறது, ஸ்ரீவிஜயம் இருக்கிறது, பொந்தியான் இல்லை என்று நான் சொல்ல, அவருக்கு எங்கள் ஊர்மேல் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விடும்.

உள்ளே போனதும் அடுத்த வழக்கு. மரப்பலகை நடைபாதை, இருபுறமும் பாக்காவ் மரங்கள், கால் பரப்பி நிற்கும் வேர்கள், கறுப்புச் சேறு. சிதம்பரத்துக்காரர் இதைப் பார்த்ததும் சொல்லும் முதல் வார்த்தை எனக்கு மனப்பாடம்: ‘அட, இது நம்ம பிச்சாவரம்டா!’ எம்.ஜி.ஆர். ‘இதயக்கனி’ படத்துக்காகப் படகில் சுற்றிய அதே சுரபுன்னைக் காடு அவர் வீட்டிலிருந்து பேருந்து தூரம். பிச்சாவரம் ஆயிரம் ஹெக்டேருக்கு மேல். பியாய் 526 ஹெக்டேர்தான். ‘பாதி பிச்சாவரத்தைப் பார்க்கவா விமானம் ஏறி வந்தேன்?’ என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் ஒன்றே ஒன்று: பியாய் 2003-லேயே ராம்சார் பட்டியலில் சேர்ந்துவிட்டது, பிச்சாவரம் சேர்ந்தது 2022-ல். பணிமூப்பில் நாங்கள் 19 ஆண்டு முன்னே. அரசு ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் இந்த வாதம் மட்டும் அவரிடம் எடுபடும்.

காலம் பார்க்காமல் வருவது இன்னொரு சோகம். தமிழ்நாட்டில் காலாண்டு விடுமுறை விடும்போது புரட்டாசி. குக்குப் என்பது கடல்மேல் கால் ஊன்றி நிற்கும் சீன மீனவர் கிராமம். நண்டும் இறாலும் இல்லாவிட்டால் அந்த ஊருக்கு அர்த்தமே இல்லை. அங்கே பதினோரு பேரை அழைத்துப்போய், பத்துப் பேருக்கு வெள்ளைச் சோறும் வதக்கிய காங்கோங் கீரையும், அதிலும் பெலாச்சான் என்ற இறால் விழுது போடாமல், வாங்கிக் கொடுக்க வேண்டும். கடைக்கார ஆண்ட்டி என்னைப் பார்க்கும் பார்வையில் இரக்கம் தெரியும். அதே மாதங்களில்தான் சில ஆண்டுகள் சுமத்ராவின் புகைமூட்டமும் வந்து கவியும். 2015-லும் 2019-லும் வந்தவர்கள் கண்டத்தின் முடிவைப் பார்க்கவில்லை. கைப்பிடிக் கம்பியின் முடிவைத்தான் பார்த்தார்கள்.

இவ்வளவு சொன்னபிறகும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். போன குடும்பங்களில் ‘வீண்’ என்று சொன்னவர்கள் எல்லாரும் தென்கோடியைப் பார்க்கப் போனவர்கள். முனை என்று பெயரே தவிர, ஒரு மேடை, ‘தென்கோடி’ என்று எழுதிய ஒரு பலகை, சுற்றிலும் தண்ணீர். ஐந்து நிமிடத்தில் படம் எடுத்தாயிற்று, அப்புறம் வெயில். மற்ற நேரத்தைக் காப்பாற்றியது எல்லாம் உங்கள் துறை ஒரு வரிகூட விளம்பரம் செய்யாத சங்கதிகள். சேற்றில் பெலாச்சாக் மீன் துடுப்பால் நடந்து வந்து இன்னொரு பெலாச்சாக்கிடம் சண்டைக்கு நிற்கும். ஒருமுறை வந்த குடும்பத்தில், லெகோலேண்டுக்காக அழுத பையன் கம்பியைப் பிடித்துக்கொண்டு குப்புறப் படுத்துவிட்டான். அவனை எழுப்பிக் கூட்டிவர இரண்டு பேர் வேண்டியிருந்தது. பெரியம்மா கப்பல் எண்ணினார். மலாக்கா நீரிணை வழியாக ஆண்டுக்கு 80,000-க்கும் மேற்பட்ட கப்பல்கள் போகின்றன. முனைக்கு எதிரே அவை நங்கூரம் போட்டும் நகர்ந்தும் வரிசையாக நிற்கும், பின்னால் கரிமுன் தீவின் மலை. தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்தவர் மகள் அவர். எது எண்ணெய்க் கப்பல், எது கொள்கலன் கப்பல், எது சரக்கில்லாமல் உயர்ந்து மிதக்கிறது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். அந்தக் குடும்பத்தில் அவர் ஒரு விஷயத்தை விளக்க மற்றவர்கள் கேட்டதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். முஸ்தபா பேச்சு திரும்பும் வழியில் எழவில்லை.

ஆனால் அதே கப்பல்கள் கிளப்பும் அலைதான் கரையையும் அரிக்கிறது. மரங்கள் வேரோடு சாய்கின்றன. கல்லைக் கொட்டித் தடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதாவது, உங்கள் துறையின் ஒரே சொத்தான தென்கோடி, ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் வடக்கே பின்வாங்கப் பார்க்கிறது. பலகைக்கு வண்ணம் அடிக்கும் அவசரத்தில் பாதியாவது பலகைக்குக் கீழே இருக்கும் மண்ணுக்குக் காட்டலாம். மண் போய்விட்டால் பட்டத்தைச் செந்தோசாவுக்கே எழுதிக் கொடுத்துவிட்டு நாமும் ஐஸ்கிரீம் விற்க வேண்டியதுதான்.

ஆகையால் தாழ்மையுடன் வேண்டுவது: ‘தென்கோடி’ என்ற எழுத்தைச் சிறிதாக்கி, ‘இங்கே சேறு உண்டு, கொசு உண்டு, குரங்கு பையைப் பிடுங்கும், கப்பல் பார்க்கப் பொறுமை வேண்டும், இவற்றில் ஒன்றும் பிடிக்காதவர்கள் தயவுசெய்து வர வேண்டாம்’ என்று பெரிய எழுத்தில் தமிழிலும் ஒரு பலகை வைக்கவும். கூடவே கழிப்பறை எங்கே என்று அம்புக்குறி போடவும். ஆண்கள் வேன் வாடகையைப் பேசி முடிவெடுப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் பயணம் போவதா இல்லையா என்பதை அந்த அம்புக்குறிதான் தீர்மானிக்கிறது.

உங்கள் உத்தரவு வரும்வரை, கேட்கிறவர்களுக்கு நான் சொல்லிக்கொண்டிருக்கும் இடைக்கால ஏற்பாடு இது: வேனில் எல்லா இருக்கையும் நிரம்பினால், புரட்டாசி இல்லையென்றால், கூட்டத்தில் ஒரு குழந்தையோ கப்பல் தெரிந்த ஒரு பெரியம்மாவோ இருந்தால், முனை வரை போங்கள். இல்லையென்றால் பெக்கான் நனாஸில் வண்டியை நிறுத்தி, சாலையோரக் கடையில் நறுக்கிய அன்னாசியை உப்பு தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, நாலு பழம் வாங்கிக்கொண்டு திரும்புங்கள். அதற்கு உள்நாட்டவர், வெளிநாட்டவர் எல்லாருக்கும் ஒரே விலை. இதில் துறைக்கு ஆட்சேபம் இருந்தால் பதினான்கு நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும். கடலூரிலிருந்து அத்தை குடும்பம் விமானச்சீட்டு எடுத்துவிட்டது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சம்பளமில்லா வழிகாட்டி,
பொந்தியான், ஜொகூர்.