யாராலும் ஏமாற்ற முடியாத வாசகர் ஆவது எப்படி?

அறிவியல் செய்தியை நம்பாமல் இருக்க அறிவியல் தெரிய வேண்டியதில்லை. முகத்தை வைத்துக்கொள்ளத் தெரிந்தால் போதும். தென்காசி மாவட்டத்து வடகரையில் ஏதாவது ஒரு டீக்கடை பெஞ்சில் இடம் பிடியுங்கள். பேப்பரைப் பிரித்துத் தலைப்பை மட்டும் வாய்விட்டு வாசியுங்கள்: ‘புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு.’ கீழுதட்டைப் பிதுக்குங்கள். ஒரு மடக்கு டீ. பிறகு நிதானமாக, “கதை விடுதானுவ வே.” அவ்வளவுதான். அந்த பெஞ்சில் உங்களுக்கு இனி நிரந்தர இடம்.

தலைப்புக்குக் கீழே இருப்பதை எக்காரணம் கொண்டும் வாசிக்கக் கூடாது. வாசித்தால் நான்காவது பத்தியில் எலி வரும். மருந்து எலிக்குத்தான் வேலை செய்தது, மனிதர்களிடம் சோதித்துப் பார்க்க இன்னும் பல வருஷம் ஆகும் என்று ஆராய்ந்தவர்களே அங்கே சொல்லியிருப்பார்கள். கதை விட்டது தலைப்புப் போட்டவர்தான், ஆராய்ச்சிக்காரர் இல்லை என்று ஆகிவிடும். யாரைத் திட்டுவது என்ற குழப்பம் காலை வேளையில் வயிற்றுக்கு ஆகாது.

அடுத்து, எது நடந்தாலும் முன்பே தெரிந்ததாகச் சொல்லப் பழக வேண்டும். 2019 செப்டம்பர் 7 அதிகாலை சந்திரயான்-2இன் லேண்டர் நிலாவில் மோதி நொறுங்கியதா? “நான் அப்பமே சொன்னேன்லா.” 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04க்கு சந்திரயான்-3 பத்திரமாக இறங்கியதா? “ஸ்டூடியோவுல எடுத்திருப்பான்.” இதில் ஒரு சலுகை உண்டு. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்று யாராவது சொன்னதும் நிலாவில் இறங்கியதை ஒத்துக்கொண்டுவிடலாம். தமிழன் இறக்கினால் அது ஸ்டூடியோ இல்லை. இஸ்ரோவின் ராக்கெட் எஞ்சின்களை நிலத்தில் கட்டி வைத்து எரித்துச் சோதிக்கிற மகேந்திரகிரி பக்கத்து மாவட்டத்தில்தான் இருக்கிறது என்பதையும் அந்த இடத்தில் சேர்த்துக்கொண்டால் பெஞ்சுக்கே பெருமை.

பேப்பருக்கு இவ்வளவு கறாராக இருக்கிறவர் வாட்ஸ்அப்புக்குக் கொஞ்சம் இரக்கம் காட்டத்தான் வேண்டும். அனுப்புவது மச்சினன் அல்லவா. 2016 நவம்பரில் புது 2000 ரூபாய் நோட்டு வந்தபோது அதற்குள் நானோ ஜிபிஎஸ் சிப் இருக்கிறது, பூமிக்கடியில் 120 மீட்டர் ஆழத்தில் புதைத்தாலும் சாட்டிலைட் காட்டிக்கொடுத்துவிடும் என்று ஒரு சேதி ஊர் ஊராகச் சுற்றியது. நோட்டை வெயிலில் தூக்கிப் பிடித்துச் சிப்பைத் தேடியவர்கள் உண்டு. ஜிபிஎஸ் செயற்கைக்கோள் 20,000 கிலோமீட்டருக்கு மேலே சுற்றிக்கொண்டு நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும், கீழே இருக்கிற கருவி அதைக் கேட்டுத் தான் எங்கே இருக்கிறோம் என்று கணக்குப் போடும். கருவி இருக்குமிடம் மேலே இருக்கிற செயற்கைக்கோளுக்குத் தெரியாது. கருவி அதை இன்னொருவருக்குச் சொல்ல வேண்டுமானால் தனியாகச் சமிக்ஞை அனுப்ப வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும். செல்போனைத் தினம் ராத்திரி சார்ஜில் போடுகிற கைதான் அந்தச் சேதியையும் அனுப்பியது. காகிதத்துக்கு யார் சார்ஜ் போடுகிறார்கள் என்று கேட்கவில்லை. 2023 மே மாதம் ரிசர்வ் வங்கி அந்த நோட்டைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தபோதாவது, சிப்பைக் கழற்றிக்கொண்டு தருவார்களா என்று யாராவது கேட்டிருக்கலாம்.

ஆகஸ்ட் மாதமானால் இன்னொன்று வரும்: ‘இன்று இரவு செவ்வாய் கிரகம் நிலா அளவுக்குத் தெரியும்.’ இது பொய்யாகப் பிறந்ததில்லை, பாவம். 2003 ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் நமக்கு மிக அருகில், சுமார் 5.6 கோடி கிலோமீட்டர் தூரத்தில் வந்தது நிஜம். 75 மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கி வழியாகப் பார்த்தால், வெறுங்கண்ணுக்கு நிலா தெரிகிற அளவில் அது தெரியும் என்று எழுதியிருந்தார்கள். கணக்கும் சரி. கை மாறிக் கை மாறித் தொலைநோக்கி மட்டும் வழியில் விழுந்துவிட்டது. வருஷமும் உதிர்ந்துவிட்டது. மீதி இன்னும் சுற்றுகிறது. அன்று ராத்திரி மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்து எதுவும் தெரியாமல் இறங்குகிறவர் மச்சினனைக் குறை சொல்ல மாட்டார். “மேகம் மறைச்சிட்டு” என்பார்.

இனி உயர்நிலைப் பயிற்சி. வடகரையிலிருந்து கடையநல்லூர், புளியங்குடி, சிவகிரி தாண்டி வடக்கே போனால் ராஜபாளையம். அந்தப் பக்கத்துக்காரர் ராமர் பிள்ளை 1996இல் மூலிகையிலிருந்து பெட்ரோல் எடுப்பதாகச் சொன்னார். தண்ணீரைக் கொதிக்க வைப்பார், இலையைப் போடுவார், எலுமிச்சைச் சாறு விடுவார், உப்புப் போடுவார், கிண்டுவார். மேலே திரண்டு வருவதைப் பற்றவைத்தால் எரியும். டில்லிக்கே போய் அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையினர் முன்னால் செய்து காட்டினார். பேப்பரெல்லாம் படம் போட்டது. நம் ஊர் இலைதழையை வைத்து அரபு நாட்டை ஒரு கை பார்க்கப்போகிறோம் என்று பேசாத டீக்கடை அன்றைக்கு நெல்லைச் சீமையில் இல்லை.

நன்றாகக் கவனியுங்கள், அன்றைக்கு நம்பாமல் கேள்வி கேட்டவர்களுக்குத்தான் வசவு விழுந்தது. படித்த திமிர், பொறாமை, வெள்ளைக்காரன் கைக்கூலி. பெட்ரோல் கம்பெனிக்காரன் காசு கொடுத்து அமுக்குகிறான் என்பது எல்லாவற்றுக்கும் மேலான வாதம், அதற்கு மட்டும் ஆதாரமே தேவைப்படவில்லை. சோதித்தவர்கள் கடைசியில் போய் நின்ற இடம் இலையும் இல்லை, எலுமிச்சையும் இல்லை. கிண்டுகிற குச்சி. உள்ளே கூடாக இருந்த குச்சியில் எரிபொருளை நிரப்பி நுனியை மெழுகால் அடைத்திருந்தது. கொதிநீரில் மெழுகு உருகும், உள்ளே இருப்பது இறங்கும், மிதக்கும்.

ஆனால் குச்சியைக் கண்டுபிடிக்காமலே விஷயத்தைத் தெரிந்துகொண்டிருக்கலாம் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதில் 600 கிராமுக்கு மேல் கார்பன். தண்ணீரில் கார்பன் கிடையாது, உப்பில் கிடையாது, எலுமிச்சைச் சாற்றில் இருப்பது ஒரு பேச்சுக்கும் ஆகாது. ஆக இலைதான் கதி. காய்ந்த இலையில் பாதிக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் கார்பன். ஒரு துளி வீணாகாமல் அத்தனையும் பெட்ரோலாக மாறினால்கூட ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ காய்ந்த இலை, பச்சையாக என்றால் ஐந்தாறு கிலோ உள்ளே போயாக வேண்டும். அவர் போட்டது கைப்பிடி. ஒரு தராசு போதும்.

தராசு வடகரைக்குப் புதிதா? தோப்பில் தேங்காய் போடுகிற அன்று நம் ஆட்களைப் பார்க்க வேண்டுமே! எண்ணுகிறவன் வாயைப் பார்ப்பார்கள், கையைப் பார்ப்பார்கள், நூற்றுக்கு எத்தனை லாபக்காய் என்று வியாபாரியோடு மல்லுக்கு நிற்பார்கள். மாம்பழத்துக்குப் பெட்டி எடையைக் கழிக்கச் சொல்லித் திரும்ப நிறுக்கச் சொல்வார்கள். “தராசு யாருதுவே?” என்றுதான் பேச்சே தொடங்கும். அந்தக் கேள்வியைத் தோப்பிலேயே விட்டுவிட்டு டீக்கடைக்கு வந்துவிடுவது சந்தேகக் கலையின் முக்கியமான படி.

ராமர் பிள்ளை கதை அத்தோடு முடியவில்லை. பிறகு அந்த மூலிகைப் பெட்ரோலை எரிபொருளாக விற்கவே ஆரம்பித்தார். சிபிஐ வழக்குப் போட்டது. விற்றதில் இருந்தது டொலுவீன், நாப்தா வகையறா, அதாவது கடையில் வாங்குகிற பெட்ரோலியச் சரக்கு. 2016 அக்டோபரில் சென்னை நீதிமன்றம் அவருக்கும் கூட இருந்தவர்களுக்கும் மூன்றாண்டுக் கடுங்காவல் விதித்தது. இருபது வருஷம். இன்றைக்கும் பெஞ்சில் அந்தப் பெயரை எடுத்துப் பாருங்கள், “அவன வளரவிடாம அமுக்கிட்டானுவ” என்று ஒருவராவது சொல்வார். நிலாவில் இறங்கியது ஸ்டூடியோ என்றவரும் அநேகமாக அவரேதான்.

பேப்பரில் ஒரே ஒரு அறிவியல் செய்தி மட்டும் இந்தப் பயிற்சிக்கு அடங்காது. உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வரும் அணை நீர்மட்டம். கடனா 85 அடி, ராமநதி 84, கருப்பாநதி 72, குண்டாறு 36, மேக்கரை அடவிநயினார் 132, இதில் இன்று எவ்வளவு, வரத்து எவ்வளவு, வெளியேற்றம் எவ்வளவு. உதட்டைப் பிதுக்குகிறவர்கூட இதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசிப்பார். கார் சாகுபடிக்கு நாற்றுப் பாவலாமா, பிசானப் பயிர் தாங்குமா என்பது அந்த எண்ணில் இருக்கிறது. சந்தேகம் வந்தால் மேக்கரைக்கு பைக்கில் போய் அணையைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். ஆகவே சந்தேகமே வருவதில்லை. இது நம் கலைக்கு விரோதமான செய்தி, கூடுமானவரை பக்கத்தைத் திருப்பிவிடுங்கள்.

வானிலைதான் நமக்கு ஏற்ற மைதானம். குற்றாலச் சீசன் நேரத்தில் செல்போனைப் பாருங்கள்: தென்காசி, மழைக்கு வாய்ப்புக் குறைவு. தலையில் சாரல் விழுந்துகொண்டிருக்கும். இதில் நீங்கள் சொல்வது சரி, காரணம் மட்டும் தவறு. “அவனுக்கு ஒண்ணும் தெரியாது” என்பீர்கள். போனில் தெரிகிற கணிப்பு பெரும்பாலும் உலகத்தையே கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடுகிற மாதிரிகளிலிருந்து வருவது. ஒரு கட்டம் 9 கிலோமீட்டர், 13 கிலோமீட்டர். குற்றாலத்து மலையும் தென்காசி ஊரும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிப்போகும். ஆரியங்காவுக் கணவாய் வழியாக நுழைகிற தென்மேற்குக் காற்று ஐந்தருவியில் என்ன செய்யும், இலத்தூரில் என்ன செய்யும் என்று அந்தக் கட்டத்துக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இந்த விவரத்தை பெஞ்சில் சொல்லிவிடாதீர்கள். எங்கே நம்பலாம், எங்கே கூடாது என்று பிரிக்க ஆரம்பித்துவிட்டால் மொத்தமாக நம்பாமல் இருக்கும் சுகம் போய்விடும்.

ரெட் அலர்ட்டையும் இப்படித்தான் நடத்த வேண்டும். மூன்று தடவை எச்சரிக்கை வந்து தூறலோடு போனால் நாலாவது தடவை சிரிக்கலாம். அந்தச் சிவப்பு, 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்யக்கூடும் என்று சொல்வது. மேலே என்றால் எவ்வளவு மேலே என்பதற்கு வேறு நிறம் கிடையாது. 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அதற்கும் அதே சிவப்புதான். தாமிரபரணிக் கரை மூழ்கிக் கிடக்கையில், முன்கூட்டியே சொன்னோம் என்று மத்திய அரசும், சொன்னது போதாது என்று மாநில அரசும் மோதிக்கொண்டன. சந்தேகவாதிக்கு அது விருந்து, இரண்டு பேரையும் நம்பாமல் இருக்கலாம்.

குற்றாலத்தில் ‘குளிக்கத் தடை’ என்று கயிறு கட்டினால் அண்ணாந்து பாருங்கள். வெயில் அடிக்கும். “நல்லா வெயிலடிக்கு, இவனுவ வேல மெனக்கெட்டு மறிக்கானுவ” என்று சொல்லிவிட்டுக் கயிற்றுக்கு அடியில் குனியுங்கள் என்றுதான் இந்தக் கையேடு சொல்ல வேண்டும். இந்த ஒரு இடத்தில் சொல்ல முடியவில்லை. அருவியில் விழுவது அருவிக்கு மேலே பெய்த மழையல்ல, அதற்கும் மேலே, நம் கண்ணுக்குத் தெரியாத மலையில் பெய்தது. அது இறங்க நிமிடங்கள் போதும். 2024 மே 17 அன்று, சீசன்கூடத் தொடங்காத நேரத்தில், பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் படிகளில் விழுந்தடித்து ஓடினார்கள். பதினேழு வயதுப் பையன் ஒருவன் போய்விட்டான். கயிறு கட்டியிருந்தால் நில்லுங்கள். கையேட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஏஐ. இதில் நம்பாமல் இருப்பதும் எளிது, நம்புவதும் எளிது, இரண்டுக்கும் எதையும் வாசிக்க வேண்டாம். கோவை மதுக்கரையில் ரயில் தண்டவாளத்துப் பக்கம் கோபுரங்களில் வெப்பத்தை உணரும் கேமரா வைத்து, யானை வந்தால் ஏஐ கண்டுபிடித்து ரயில்காரருக்குச் சேதி சொல்கிற ஏற்பாடு 2024 பிப்ரவரியில் தொடங்கியது. இந்தச் செய்தியை வடகரையில் வாசிக்கிறபோது கவனமாக இருங்கள். மேக்கரையிலும் பண்பொழியிலும் இங்கேயும் தோப்புக்குள் யானை இறங்கித் தென்னையைச் சாய்ப்பது எல்லோருக்கும் தெரிந்த நஷ்டம். கடைக்கோடியில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தோப்புக்காரர் உட்கார்ந்திருப்பார். அதுவரை வாயே திறந்திருக்க மாட்டார். “அண்ணாச்சி, அது யானை வாரதுக்கு எவ்வளவு நேரம் முன்ன சொல்லும்? யானையே இல்லாம எத்தன தடவ கத்திச்சு? யானை வந்தும் கத்தாம இருந்தது எத்தன தடவ? அந்தக் கணக்க யாரு எழுதுதா?” என்று கேட்பார்.

இப்படிக் கேட்கிற ஆளிடம் விவாதத்தில் இறங்கினால் பேப்பரைக் கடைசி வரி வரைக்கும் வாசிக்க வேண்டிவரும். அவருக்கு ஒரு டீ சொல்லுங்கள். “எல்லாம் கமிஷன் வே” என்று சொல்லிவிட்டு சினிமாப் பக்கத்துக்குப் போய்விடுங்கள்.