அடுத்த மாவட்டத்துப் பள்ளிக்கூடம்

சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில், பெரம்பலூர் பாலக்கரையில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஒருவர் அண்ணாந்து ஃபிளெக்ஸ் போர்டு பார்த்துக்கொண்டிருப்பார். தலைவர் பிறந்தநாள் போர்டோ, காதணி விழாப் போர்டோ என்று நினைத்துவிடாதீர்கள். பத்தாம் வகுப்பில் 480-க்கு மேல் வாங்கிய பிள்ளைகளின் பாஸ்போர்ட் சைஸ் படங்கள். இடமிருந்து வலம் ஒருமுறை எண்ணி, மேலிருந்து கீழ் ஒருமுறை எண்ணி, இரண்டையும் பெருக்கிப் பார்த்துவிட்டு, “போன வருஷம் ஒரு வரிசை கூட இருந்துச்சே” என்று முணுமுணுப்பார். அவர்தான் அட்மிஷன் அப்பா.

வயது நாற்பதைத் தொட்டிருக்கும். வீடு துறைமங்கலத்தில், பூர்வீகம் வேப்பந்தட்டைப் பக்கமோ குன்னம் பக்கமோ. ஊரில் ஒன்றரை ஏக்கர் மக்காச்சோளமும் கொஞ்சம் சின்ன வெங்காயமும் உண்டு, பெற்றவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். “புள்ள படிப்புக்காகத்தான் டவுனுக்கு வந்தோம்” என்பார். டவுனுக்கு வந்தபிறகு, பிள்ளையைப் போயும் போயும் டவுனிலா படிக்க வைப்பது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார். பையன் இந்த வருடம் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறான். ஆறாம் வகுப்பு எங்கே என்பதுதான் பொங்கலிலிருந்து அந்த வீட்டில் ஓடுகிற தொடர். டி.வி. தொடராவது ஞாயிற்றுக்கிழமை லீவு விடும்.

அவரிடம் ஒரு கோட்பாடு உண்டு. வாய்விட்டுச் சொல்ல மாட்டார், நடப்பில் தெரியும். நல்ல பள்ளிக்கூடம் என்பது அடுத்த மாவட்டத்தில்தான் இருக்கும். அரியலூர்க்காரருக்கு அது பெரம்பலூரில் இருக்கிறது. பெரம்பலூர்க்காரருக்குத் திருச்சியில், துணிந்தவருக்கு நாமக்கல்லில். திருச்சிக்காரர்கள் ஏற்காடு, ஊட்டி என்று மலையேறிப் போகிறார்கள் என்று கேள்வி. இந்தக் கோட்பாட்டுக்கு அரசாங்கமே ஒருமுறை சோதனை வைத்தது. 2001-ல் அரியலூரைத் தனி மாவட்டமாக்கி, அடுத்த ஆண்டே பெரம்பலூரோடு திரும்பச் சேர்த்து, 2007-ல் மறுபடி பிரித்தார்கள். இடைப்பட்ட காலத்தில் அரியலூர் அப்பாக்கள் அடுத்த மாவட்டத்தைத் தேடி இன்னும் கொஞ்சம் டீசல் செலவழித்திருக்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், ஊரே இந்த இரண்டு மாவட்டங்களைத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. 2023-ல் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் மாநிலத்திலேயே முதலிடம் பெரம்பலூர், 97.67 சதவீதம். மறு வருடம் அதே இடம் அரியலூருக்கு, 97.31. 2025-ல் பிளஸ் டூவிலும் அரியலூர்தான் முதலிடம், 98.82. பின்தங்கிய மாவட்டம், பின்தங்கிய மாவட்டம் என்று பட்டியலிட்டுப் பழகிய ஆட்கள் பட்டியலைத் தலைகீழாகப் பிடித்துவிட்டோமோ என்று ஒரு நிமிடம் சந்தேகப்பட்டிருப்பார்கள். நம்மவர் அசையவில்லை. டீக்கடையில் பேப்பரை மடித்து வைத்தபடி சொன்னார்: “பாஸ் பண்றது ஒரு பெரிய விஷயமா சார்? பாஸ்தான் எல்லாரும் பண்றாங்களே!” நூறு பேரில் தொண்ணூற்றெட்டுப் பேர் தேறுவதுதான் அவருக்குக் குறையாகப் படுகிறது. பாதிப் பேர் தோற்றால்தான் பள்ளிக்கூடத்தின் மேல் அவருக்கு ஒரு மரியாதை வரும்.

தஞ்சாவூரிலிருந்து தலைநகரத்தையே கிளப்பிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தவன் ராஜேந்திர சோழன். கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் பிறந்த பிள்ளையை நாம் வெளியே கிளப்புகிறோம். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் குழிகளில் புதைந்துகிடக்கும் கடல் உயிரினங்களைப் பார்க்கப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து நிலவியல்காரர்கள் எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். பெரம்பலூர் சாத்தனூரில் பன்னிரண்டு கோடி வருடத்துக்கு முந்தைய மரம் கல்லாகிப் படுத்திருக்கிறது. வாரணவாசியில் அருங்காட்சியகமே கட்டியிருக்கிறார்கள். இதையெல்லாம் சைக்கிளில் போய்ப் பார்த்துவிடக்கூடிய பையன், நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு ஹாஸ்டலில், காலை ஐந்து மணி ஸ்டடி அவரில், ‘தொல்லுயிர் எச்சம் என்றால் என்ன?’ என்ற இரண்டு மார்க் கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடம் செய்கிறான். விடை சரியாக எழுதிவிடுவான் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை.

நாமக்கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே கோழிப்பண்ணைகளும் அதிகம், உண்டு உறைவிடப் பள்ளிகளும் அதிகம். இரண்டையும் சேர்த்து ‘பிராய்லர் ஸ்கூல்’ என்று தமிழ்நாடு ஒரு பெயர் வைத்துவிட்டது. அதை ஒருமுறை நம்மவரிடம் எடுத்துச் சொன்னேன். குழந்தைகளைக் கூண்டில் அடைக்கிறார்களாமே என்றேன். அவர் கொஞ்சமும் கோபப்படாமல், “பிராய்லர்னே வச்சுக்குங்க, வெயிட் போடுதுல்ல?” என்றார். அதற்குமேல் என்ன பேசுவது?

பள்ளி பார்க்கக் குடும்பமாகப் போவார்கள். நம்மவர், மனைவி, பையன், கூடவே விஷயம் தெரிந்த ஒரு மாமா. அவருக்கு என்ன விஷயம் தெரியும் என்பது யாருக்கும் தெரியாது. ரிசப்ஷனில் மீன்தொட்டி இருந்தால் மாமா திருப்தியாகத் தலையாட்டுவார். முதல்வர் அறையில் நம்மவர் கேட்கும் கேள்விகள் எல்லாம் இல்லாத சமாச்சாரங்களைப் பற்றியவை. “பி.டி. பீரியடு அடிக்கடி விட மாட்டீங்கல்ல?” “ஆண்டு விழாவுக்கு டான்ஸ் அது இதுன்னு நாளைக் கெடுக்க மாட்டீங்கல்ல?” “ஒன்பதாவதுலயே பத்தாவது பாடத்தை ஆரம்பிச்சிடுவீங்கல்ல?” கடைசிக் கேள்விக்கு முதல்வர் புன்னகையோடு, “எட்டாவதுலயே ஆரம்பிச்சிடுவோம் சார்” என்பார். நம்மவர் கண்ணில் நீர் திரையிடும். பதினோராம் வகுப்பை அப்படியே தாண்டிக் குதித்துப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இரண்டு வருடம் நடத்திய பள்ளிகளைக் கட்டுப்படுத்தத்தானே 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள்? இப்போது அதையும் எடுத்துவிட்டார்கள். செய்தி வந்த அன்று நம்மவர் வீட்டில் கேசரி கிண்டியிருந்தாலும் ஆச்சரியமில்லை.

எழுந்து வரும்போது அந்தப் பழைய வசனத்தையும் மறக்காமல் சொல்லுவார்: “கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சுடுங்க சார்.” 2009-ம் வருடக் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளையை அடிக்கக் கூடாது என்கிறது. அட்மிஷனுக்கு நுழைவுத் தேர்வு வைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. பள்ளியும் வைப்பதில்லை, “சும்மா ஒரு அசெஸ்மென்ட்” என்று மூன்று பக்கத் தாளைக் கொடுத்துப் பையனைப் பக்கத்து அறைக்கு அனுப்புவார்கள். அவன் உள்ளே எழுதிக்கொண்டிருக்கும்போது வெளியே பெற்றோருக்கு வாய்மொழித் தேர்வு நடக்கும். “சொந்த வீடா, வாடகையா?” பெற்றோரையும் இப்படிச் சலித்தெடுக்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது.

பாடத்திட்டம் பற்றி அவருக்குத் தெளிவான கருத்து உண்டு. மெட்ரிக், ஸ்டேட் போர்டு, ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்காக இருந்ததை ஒன்றாக்கிச் சமச்சீர்க் கல்வி வந்தது. 2010-ல் ஒன்றாம், ஆறாம் வகுப்புகளுக்கு. மறு வருடம் உச்ச நீதிமன்றம் வரை போய்வந்து பத்தாம் வகுப்பு வரைக்கும். அன்றிலிருந்து அரசுப் பள்ளிப் பையனும் மெட்ரிக் பள்ளிப் பையனும் பார்ப்பது ஒரே பாடம். மெட்ரிகுலேஷன் என்பது போர்டில் மட்டும் மிச்சமிருக்கிறது. இதைச் சொன்னால், “இருக்கலாம் சார். ஆனா மெட்ரிக்ல நடத்துற சமச்சீர் வேற” என்பார். சி.பி.எஸ்.இ. என்று யாராவது எடுத்துக் கொடுத்தால் மட்டும் குரல் தாழ்ந்துவிடும். “இந்திங்களா?” என்று அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு கேட்பார்.

இவ்வளவு ஆராய்ச்சியில் அவர் மனைவி கேட்பது ஒரே கேள்வி. “ஏங்க, பாத்ரூம் பாத்தீங்களா?” அவர் பார்த்திருக்க மாட்டார். அந்த அம்மாள் தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் ஒரு நடை போய், குழாயைத் திறந்து பார்த்து, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று தள்ளிப் பார்த்து, ஆயாம்மாவிடம் சம்பளம் விசாரித்து, வேன் கடைசி ஸ்டாப்பில் எத்தனை மணிக்கு இறக்குகிறது என்பதுவரை தெரிந்துகொண்டு வந்துவிடுவார். பள்ளியைப் பற்றி அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்த உண்மை அவ்வளவும் அந்தப் பத்து நிமிடத்தில் கிடைத்ததுதான். முடிவெடுக்கும்போது மீன்தொட்டி மாமாவைத்தான் கேட்பார்கள்.

நம்மவருக்கு அக்கா ஒருத்தி. அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியை. “எங்க ஸ்கூல்ல லேப் இருக்கு, ஸ்மார்ட் கிளாஸ் இருக்கு, எல்லாரும் பி.எட்., டெட்டு எழுதி வந்த டீச்சர்ஸ்” என்று விரலை மடக்கிச் சொல்லுவார். “அப்ப உன் பொண்ணு?” என்றால், “அவ சி.பி.எஸ்.இ.டா. பழகிட்டா” என்று பேச்சை வெயிலுக்கு மாற்றிவிடுவார். அக்காவைக் குறை சொல்லிப் பயனில்லை. தமிழ்நாட்டில் இந்த அக்கா இல்லாத தெரு கிடையாது.

2020-க்குப் பிறகு அட்மிஷன் அப்பாக்களில் புது ரகம் ஒன்று முளைத்திருக்கிறது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்ததல்லவா? ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலானவற்றுக்கும் வந்தது. பிறகு கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் என்று 2022-ல் புதுமைப் பெண், பையனுக்கும் ஆயிரம் என்று 2024-ல் தமிழ்ப் புதல்வன். ஆகவே ஐந்தாம் வகுப்புவரை ‘இங்கிலீஷ் மீடியம்’, ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளி, மாலையில் மூன்று டியூஷன், சனி ஞாயிறு நீட் ஃபவுண்டேஷன் என்று கூட்டிக் கழித்து வைத்திருக்கிறார் இந்தப் புது அப்பா. அரசுப் பள்ளி ஹெச்.எம். முன்னால் உட்கார்ந்து அவர் பேசுவது, பாலிசி எடுக்க வந்தவர் எல்.ஐ.சி. ஏஜென்டிடம் பேசுவதுபோலவே இருக்கும். விவரம் ஒரு வருடம் தாமதமாகத் தெரிய வந்தவர் பாடுதான் பரிதாபம். “பையன் ஏழாவதுங்க சார். ஆறாவது ஒரு வருஷம் மட்டும்தான் பிரைவேட்டு. அதைக் கண்டுக்காம விட முடியாதுங்களா?” என்று ஒருவர் கேட்டு நானே காதால் கேட்டேன். ஹெச்.எம். யோசித்துவிட்டு, “தம்பி இருக்கானா சார்?” என்றார்.

சிரிப்பை ஒரு நிமிடம் நிறுத்திக்கொள்கிறேன். 2017-ல் பிளஸ் டூவில் 1200-க்கு 1176 வாங்கியும் மருத்துவ இடம் கிடைக்காமல் உயிரை விட்ட அனிதாவின் குழுமூர் அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி அரங்குக்கு இன்று அந்தப் பெண்ணின் பெயர். மார்க் வாங்கினால் போதும், மிச்சம் தானாக நடக்கும் என்று இந்தப் பக்கத்து அப்பாக்களிடம் இனி யாரும் சொல்ல முடியாது. அவர்கள் போடும் கணக்குகளில் பாதி பைத்தியக்காரத்தனம் என்று எனக்குத் தெரியும். அந்தக் கணக்கைப் போட வைத்தது பைத்தியக்காரத்தனம் அல்ல என்பதும் தெரியும்.

போகட்டும். நம்மவர் முடிவெடுத்துவிட்டார். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு சிறுவாச்சூர் போனார். மதுரகாளியம்மன் கோயில் நடை திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். பள்ளி அலுவலகமோ ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கிறது. அம்மன் காலடியில் விண்ணப்பத்தை வைத்து எடுத்தார். பள்ளியில் கட்டணத்தை இரண்டாகப் பிரித்துச் சொன்னார்கள், ரசீது உண்டு என்பது ஒன்று, ரசீது கிடையாது என்பது ஒன்று. முதல் டேர்முக்கு வெங்காயப் பணம் வருவதாக இருந்தது. வெங்காயம் விலை போகவில்லை. அப்பாயி தன் இரட்டைவடச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, “அந்த ஸ்கூல்ல சோறாவது நல்லாப் போடுவானுங்களாடா?” என்று கேட்டதற்கு, “டயட்டீஷியன் இருக்காங்க அப்பாயி” என்று பேரனே பதில் சொன்னான். அடகுக் கடைக்காரர் சங்கிலியை எடைபோட்டுக்கொண்டே, “எந்த ஸ்கூலு?” என்று கேட்டார். திருச்சிப் பக்கம், ஹாஸ்டல் என்றதும், “நல்ல ஸ்கூலாச்சே” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இவ்வளவும்? கல்யாண மண்டபத்துப் பந்தியில், பக்கத்து இலைக்காரர் “பையன் எங்க படிக்கிறான்?” என்று கேட்டால் இனி நம்மவர் சாம்பாரைப் பார்க்காமல் பதில் சொல்லலாம்.

சேர்த்துவிட்ட மறுநாளிலிருந்து அவர் ஆலோசகர். சம்பளமில்லாத வேலை, ஆனால் வாடிக்கையாளர்களுக்குக் குறைவில்லை. ஆனி மாதத்தில் ஒருநாள், சிமென்ட் ஆலையில் வேலை பார்க்கும் மனைவியின் தம்பி அரியலூரிலிருந்து வந்திருந்தார். மகளுக்கு ஆறாம் வகுப்பு. உள்ளூர் ஒன்றும் சரிப்படவில்லை என்றார். நம்மவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“யோசிக்கவே வேணாம் மாப்ள. பெரம்பலூர்ல சேத்துடுங்க. இந்தா, நம்ம தெருவுல இருந்து நாலு தெரு தள்ளித்தான். ரிசல்ட்டப் பாருங்க, டிசிப்ளினப் பாருங்க. சேலத்துப் பக்கம் இருந்தெல்லாம் வந்து ஹாஸ்டல்ல கெடக்குறாங்க.”

“அவ்ளோ நல்ல ஸ்கூலா மச்சான்?”

“பின்ன?”

“அப்பறம் நம்ம பையன நீங்க ஏன் அங்க சேக்கல?”

நம்மவர் இந்தச் சின்ன விஷயம்கூடத் தெரியாதவரா நம் மைத்துனர் என்று ஒரு பார்வை பார்த்தார்.

“எனக்கு அது உள்ளூர் ஸ்கூல்ல மாப்ள!”