கைகாட்டி தேவையில்லாத காடு

ஆந்திராவின் கைகல் அருவிக்கு வழி கேட்கும் தொல்லை இனி இல்லை. குப்பம்-பலமனேர் சாலையில் வந்து இறங்கினால் போதும், சிப்ஸ் பாக்கெட்டுகளே அழைத்துப் போகும். பாக்கெட் தெரிந்தால் நேரே. பிரியாணிப் பொட்டலம் தெரிந்தால் பாறைப் பக்கம். பீர் பாட்டில் சில்லு காலில் ஏறினால் அருவி வந்துவிட்டது. பலகை நட்டு, பெயின்ட் அடித்து, ஆண்டுதோறும் பழுது பார்க்கும் செலவு அரசுக்கு மிச்சம். மக்கள் பங்களிப்பு என்றால் இதுதான்.

இந்த ஒழுங்குக்கு இடைஞ்சல் யானைகள். 1980களில் தமிழ்நாடு, கர்நாடகக் காடுகளிலிருந்து டிக்கெட் எடுக்காமல் வந்தவை. 1990இல் கவுண்டின்யா சரணாலயம் என்று சுமார் 357 சதுர கிலோமீட்டரை எழுதிக் கொடுத்தும் அடங்கவில்லை. புதரை மிதித்துத் தாங்களே பாதை போடுகின்றன. டெண்டர் இல்லை, பில் இல்லை, ரிப்பன் வெட்ட ஆள் இல்லை. போட்ட சாணத்தில் மரம் வேறு முளைக்கிறது! இந்தப் பொறுப்பின்மையை யார் பொறுப்பார்கள்? அகழி வெட்டினார்கள், சோலார் வேலி போட்டார்கள். 2025 மே மாதம் கர்நாடகம், காட்டு யானையை விரட்டப் பழக்கிய கும்கி யானைகள் நான்கையும் கொடுத்தது.

"ஞாயிற்றுக்கிழமை மட்டும் ரெண்டு கும்கியை அருவிப் பக்கம் கட்டலாம்" என்றார் ஊர்ப் பெரியவர் ஒருவர்.

"ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எந்தக் காட்டு யானைங்க ஐயா அங்கே வரப் போகுது?" என்றேன்.

"யானையை விரட்டணும்னு யாருப்பா சொன்னது?" என்றார்.