கம்ப்யூட்டருக்கு மட்டும் கணக்குப் பார்ப்பவர்

மரக்காணத்திலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால், வழியில் கூனிமேட்டில் இவர் கடை வரும். கூனிமேட்டில்தான் என்றில்லை, எந்த ஊர்க் கடைத்தெருவிலும் இவர் உண்டு. உப்புக்காற்று அடிக்கிற ஊரில் இவர் குணம் சீக்கிரம் வெளியே தெரிந்துவிடும் என்பதால் இங்கேயே நின்று பார்ப்போம். பெயர் வேண்டாம். ஊர் 'முதலாளி' என்கிறது, நமக்கும் அதுவே போதும்.

கடையின் முன்பக்கம் சிமென்ட், கம்பி, பெயின்ட். பின்பக்கம் உப்பு வியாபாரம். வாசலில் சொந்த லாரி, உள்ளே ஒரு கம்ப்யூட்டர். லாரியையும் கம்ப்யூட்டரையும் அவர் எப்படி வைத்திருக்கிறார் என்று பார்த்தாலே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

லாரிக்கு எஃப்.சி. எடுக்க வேண்டிய தேதி அவருக்கு மனப்பாடம். இன்சூரன்ஸ் முடிய ஒரு மாதம் இருக்கும்போதே ஏஜென்டுக்குப் போன் போய்விடும். உப்பு பட்டு அடிப்பக்கம் துரு ஏறக்கூடாது என்று வருஷா வருஷம் பெயின்ட். ஆயுத பூஜைக்கு ஆளுயர மாலை. கம்ப்யூட்டருக்கு அன்றைக்குச் சந்தனமும் குங்குமமும் மட்டும். போன வருஷம் மானிட்டரில் வைத்த சந்தனம் வழிந்து கீபோர்டில் என்டர் பட்டன் மேல் விழுந்து காய்ந்துவிட்டது. அன்றிலிருந்து பில் போடுகிற பெண், ஒவ்வொரு பில்லுக்கும் அந்தப் பட்டனைக் கட்டைவிரலால் குத்துகிறாள்.

"லாரி ஓடுனா காசு வருது. இது குந்துன எடத்துல கரண்டு குடிக்குது" என்பது முதலாளியின் பொருளாதாரம். எந்தச் செலவையும் அவர் டயரில்தான் அளப்பார். "ஆன்டிவைரஸா? அது ஒரு டியூப் விலை ஆவுதே. யு.பி.எஸ். பேட்டரியா? அரை டயர் போச்சு!"

கம்ப்யூட்டர் வாங்கியதே அவர் மனமொப்பி அல்ல. 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோது திண்டிவனத்து ஆடிட்டரிடம் சட்டம் பேசினார். "உப்புக்கு வரியே கெடையாது சார். வரி இல்லாத சரக்குக்கு வரி பாக்குற மெஷினு எதுக்கு?" உப்பு வரையில் அவர் சொன்னது சரிதான், அதற்கு ஜி.எஸ்.டி. இல்லை. ஆடிட்டர் முன்பக்கம் அடுக்கியிருந்த சிமென்ட் மூட்டைகளைக் காட்டினார். அன்றைக்கு அதற்கு வரி 28 சதவீதம். வழக்கு அத்தோடு முடிந்தது.

புதுச்சேரியில் மூடிய ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. உள்ளே விண்டோஸ் 7. சில வருஷம் கழித்து, அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது, இனிமேல் பாதுகாப்பு அப்டேட் வராது என்று எடுத்துச் சொன்னார்கள். முதலாளி முகம் மலர்ந்தது. "அப்போ நடுவுல நின்னு நின்னு தொந்தரவு பண்ணாது இல்ல? நல்லதாப் போச்சு!"

அடுத்து டாலி. அதன் பிறப்பைக் கேட்டால் முதலாளி உருகியிருக்க வேண்டும். பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்கா என்பவர் ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர பாகங்களும் விற்றுக்கொண்டிருந்தார். தன் கணக்குக்கு ஒத்துவருகிற சாஃப்ட்வேர் எதுவும் சந்தையில் கிடைக்காததால், கணிதம் படித்த மகன் பரத்திடம் எழுதித் தரச் சொன்னார். 1986-இல் அதுவே கம்பெனியாயிற்று. சிறு வியாபாரியின் தலைவலிக்கு வீட்டிலேயே அரைத்த மருந்து. இதைக் கேட்ட முதலாளி உருகவில்லை. "மவன் எழுதிக் குடுத்தது. அவருக்கு ஓசி, எனக்கு மட்டும் காசா?" என்றார். அவர் மகனும் சென்னையில் ஐ.டி. கம்பெனியில்தான் இருக்கிறான். பொங்கலுக்கு வந்தபோது பிரின்டரில் சிக்கிய பேப்பரை எடுக்கத் தெரியாமல் விழித்ததால், அந்தத் துறையின் மேலேயே அவருக்கு மரியாதை போய்விட்டது.

கடைசியில் 'தெரிந்தவர்' ஒருவரின் பென்டிரைவில் டாலி இலவசமாக வந்தது. ஆன்டிவைரஸை அணைத்து வைத்தால்தான் அது ஓடும். ஆகவே ஆன்டிவைரஸ் செலவும் மிச்சம். ஒரே கல்லில் விழுந்த இரண்டு மாங்காயில் எதற்குள் புழு என்று அவர் பார்க்கவில்லை.

இந்த முதலாளிகள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சிஸ்டம் தம்பி உண்டு. டிப்ளமோ முடித்துவிட்டு, மரக்காணம் முதல் காலாப்பட்டு வரை பைக்கிலேயே குடியிருப்பவன். பையில் ஸ்க்ரூடிரைவர், தூசி தட்ட பிரஷ், பள்ளிக்கூடத்து அழிரப்பர். கடலோரத்தில் அந்த ரப்பர்தான் பிரம்மாஸ்திரம். உப்பு ஈரம் பட்டு ராம் அட்டையின் பித்தளை நிறப் பற்கள் கறுத்துப்போகும். கம்ப்யூட்டர் மூன்று முறை 'பீப்' என்று கத்திவிட்டுப் படுத்துக்கொள்ளும். தம்பி பெட்டியைத் திறப்பான். பல்லி முட்டை ஓட்டை ஊதித் தள்ளுவான். அட்டையைக் கழற்றி, பற்களை ரப்பரால் பதமாகத் தேய்த்து, மறுபடி 'டக்'கென்று அழுத்துவான். திரை ஒளிரும்.

"எம்மாம்ப்பா?"

"முந்நூறு குடுங்க முதலாளி."

"ரப்பர் வெச்சுத் தேச்சதுக்கா? எம்பேரன் பென்சில் டப்பாவுலகூட ரப்பர் கீதே!"

அடுத்த முறை 'பீப்' கேட்டதும் பேரனின் பென்சில் டப்பா திறந்தது. முதலாளியே களத்தில் இறங்கினார். அது இரு நிற ரப்பர். சிவப்புப் பக்கம் பென்சிலுக்கு, நீலப் பக்கம் மைக்கு. நீலப் பக்கம் உப்புத்தாள் மாதிரி என்பது பேரனுக்குத் தெரியும், தாத்தாவுக்குத் தெரியாது. பற்கள் பளபளவென்று, ஒன்றுமே இல்லாமல் சுத்தமாயின. புது ராம் வாங்கிப் போட்டார்கள். அந்தச் செலவை அவர் தம்பியின் கணக்கில்தான் எழுதி வைத்திருக்கிறார்.

அவர் முகம் சுளிக்காமல் கொடுக்கிற ஒரே மின்னணுச் செலவு, யு.பி.ஐ. பெட்டியின் மாத வாடகை. காசு வந்ததும் அது தமிழில் உரக்கச் சொல்கிறது. சத்தம் போடுகிற பொருள்தான் வேலை செய்கிறது என்பது அவர் கட்சி.

அடுத்த தலைவலி எல்லை. தெற்கே கொஞ்ச தூரத்தில் காலாப்பட்டு, அது புதுச்சேரி. அங்கே சரக்கு ஏற்றி அனுப்பினால் வெளிமாநில விற்பனை, ஐ.ஜி.எஸ்.டி. போட வேண்டும். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும் இ-வே பில் வேண்டியதில்லை. எல்லை தாண்டினால் ஐம்பதாயிரத்திலேயே கேட்கும். "காலையில டீ குடிக்கப் போற எடம், அது வெளிமாநிலமா?" என்று கம்ப்யூட்டரைப் பார்த்தே கேட்பார். 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி சிமென்டுக்கு வரி 28-லிருந்து 18 சதவீதமானபோது, டி.வி. பார்த்த கொத்தனாருக்கு அது தெரிந்திருந்தது, கடைக் கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. கல்லாவுக்கு முன்னால் நடந்த வாக்குவாதத்தைத் தெருவே நின்று கேட்டது.

மாதம் 20-ஆம் தேதி ரிட்டர்ன் கட்டும் நாள். தாண்டினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் அபராதம், வட்டி தனி. ஆடிட்டர் ஆபீசிலிருந்து போன் வரும்: "முதலாளி, இப்ப ஒரு ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்க." முதலாளி உப்பளத்து வரப்பில் நின்றுகொண்டு உறுதியாக மறுப்பார். "ஓ.டி.பி.ய யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு பேங்குல போர்டே போட்டு வெச்சிருக்கான் சார்." எத்தனை வருஷம் பழகினாலும் சட்டம் சட்டம்தான். ஆனால் இன்னொரு நாள், "கரண்டு பில் கட்டலை, ராத்திரி ஒன்பது மணிக்குக் கட் பண்ணிடுவோம்" என்று முன்பின் தெரியாத ஒருவன் இந்தி கலந்த தமிழில் மிரட்டியபோது, "சார் சார், இருங்க சார்" என்று எண்ணை ஒவ்வொன்றாக, மூக்குக்கண்ணாடி போட்டுப் படித்துச் சொன்னார். இரண்டு டயர் போயிற்று. உடனே 1930-க்குப் போன் செய்திருந்தால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு இருந்தது. கௌரவம் பார்த்து மூன்று நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

பாஸ்வேர்டு கதை தனி. எழுதி வைத்தால் திருடு போகும் என்று எங்கும் எழுத விடவில்லை. பில் போடுகிற பெண்ணின் நினைவில்தான் கடையே இருந்தது. அவளுக்குச் செய்யூரில் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் கம்ப்யூட்டரைத் திறந்தால், டாலி பாஸ்வேர்டு கேட்கிறது. கணக்கைப் பூட்டி வைக்கிற அந்த வசதியில் பாஸ்வேர்டு மறந்தால் கணக்கு போனது போனதுதான், டாலிக்காரர்களாலும் திறக்க முடியாது. மறுநாள் வரவேற்பு மேடையில் முதலாளி மொய்க் கவரோடு ஏறினார். போட்டோவுக்குச் சிரித்தார். சிரித்த வாயோடு, "யம்மா, நல்லாயிரு. பாஸ்வேர்டு என்னா?" என்றார். மேளச்சத்தத்தில் அவள் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது: "லாரி நம்பரு முதலாளி! கடைசியில ஒரு அட்டு!" வரிசையில் நின்ற அத்தனை பேரும் கேட்டுக்கொண்டார்கள். பாஸ்வேர்டை மாற்றச் சொன்னால், "அப்புறம் அதை யாரு ஞாபகம் வெச்சிக்கிறது?" என்றார்.

2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. முதலாளி சுறுசுறுப்பானவர். முந்தின நாளே லாரியை மேட்டில் ஏற்றிவிட்டார், சிமென்டைப் பலகை மேல் அடுக்கினார், உப்பு மேல் தார்ப்பாய் இழுத்துக் கட்டினார். தம்பி வற்புறுத்தி விற்றிருந்த ஹார்ட் டிஸ்க்கும் பத்திரமாகத்தான் இருந்தது, கம்ப்யூட்டர் மேசையின் அடி டிராயரில், வாங்கிய பில்லோடு. கம்ப்யூட்டர் பெட்டி தரையில். தண்ணீர் இரண்டையும் பாரபட்சம் இல்லாமல் பார்த்துவிட்டுப் போயிற்று.

பில் நகல்கள் பரண்மேல் இருந்ததால் தப்பின. ஆனால் அவை தெர்மல் பேப்பர். இரண்டு கோடை வெக்கையில் எழுத்தெல்லாம் ஆவியாகி வெள்ளைத்தாளாக இருந்தன. ஆண்டு ரிட்டர்ன் கெடுவிலிருந்து 72 மாதம் கணக்கு வைத்திருக்க வேண்டும் என்கிறது சட்டம்.

வரிக் கணக்கை ஆடிட்டர் மீட்டுவிட்டார், தாக்கல் செய்தவை அரசாங்கத்திடம் இருக்கின்றன. கடன் பாக்கிக் கணக்கு அரசாங்கத்திடம் இல்லை. "எவ்ளோ தரணும் முதலாளி? நீங்களே பாத்து சொல்லுங்க" என்று அப்பாவியாகக் கேட்டார்கள் வாடிக்கையாளர்கள். நீண்ட நோட்டில் எழுதிய காலத்தில் யாருக்கும் இத்தனை மறதி இருந்ததில்லை. போன பாக்கியில் புது டயர் பூட்டிய லாரியே வாங்கியிருக்கலாம் என்பது அவர் வாயாலேயே வந்த மதிப்பீடு.

இத்தனைக்கும் இந்த ஊருக்கே இதில் பழைய அனுபவம் உண்டு. 1680-களில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி கூனிமேட்டில் கிடங்கு வைத்து வியாபாரம் செய்தது, ஆவணங்களில் கோனிமீர் என்று எழுதினார்கள். 1690-இல் கடலூரில் செயின்ட் டேவிட் கோட்டை கைக்கு வந்தபின் இந்தக் கிடங்கைக் கைவிட்டார்கள். கஞ்சத்தனத்தில் நம் முதலாளிக்குச் சளைக்காத கூட்டம் அது. ஆனால் முக்கியமான கடிதமென்றால் பிரதி எடுத்து, ஒன்றை ஒரு கப்பலிலும் இன்னொன்றை வேறு கப்பலிலும் லண்டனுக்கு அனுப்புவார்கள். ஒரு கப்பல் முழுகினாலும் கணக்கு போய்ச் சேரும். மின்சாரமே இல்லாத காலத்து பேக்கப்.

முதலாளி இப்போது திருந்தியிருக்கிறார். இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒன்று திண்டிவனத்தில் ஆடிட்டர் ஆபீஸ் பீரோவில். டாலிக்கு லைசென்ஸ். தம்பிக்கு மாதச் சம்பளம் போலொரு தொகை. இந்தச் செலவெல்லாம் எந்தத் தலைப்பில் என்று நோட்டைப் புரட்டினேன். 'லாரி ரிப்பேர்' என்று எழுதியிருக்கிறார். அந்தத் தலைப்பில் எழுதினால்தான் அவருக்கு மனசு வலிப்பதில்லையாம்.

கடை வைத்திருப்பவர்களே, நீங்கள் எந்தத் தலைப்பில் எழுதினாலும் சரி, செலவை எழுதுங்கள். அடுத்த 20-ஆம் தேதிக்குள் கணக்கின் ஒரு பிரதியை வேறு ஊரில் வையுங்கள். பாஸ்வேர்டு இரண்டு பேருக்குத் தெரியட்டும். அந்த இருவரில் ஒருவருக்காவது கல்யாணம் முடிந்திருக்கட்டும்.